முருங்கைக்குப் புதிதாக வந்த பச்சோந்தியும் வீட்டாரைப் பழக்கும் முறையும்: தூத்துக்குடி வட்டாரத்தை முன்வைத்து ஒரு பன்முக நோக்கு

பச்சோந்தி வளர்ப்பைப் பற்றி மேலை நாடுகளில் நூல்கள் உண்டு. தூத்துக்குடியில் பச்சோந்தியே உண்டு. இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்கும் முயற்சி இதுவரை நிகழவில்லை என்பது தமிழ் ஆய்வுலகின் பெருங்குறை. (இதுவரை நிகழவில்லை என்று எழுதுமுன் நூலகம் வரை போய்ப் பார்க்கும் வழக்கம் நமக்கில்லை.) அக்குறையைக் களைவது இக்கட்டுரையின் நோக்கம். பணி உயர்வு துணை நோக்கம்.

ஆய்வுக்களம் ஒரு வீட்டின் பின்வாசல். அங்கே ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி, துவைக்கிற கல், நிரம்பினால் வழியும் மாடித் தொட்டி ஆகியன உள. முதன்மைத் தரவாளர் பக்கத்து வீட்டு ஆச்சி. துணைத் தரவாளர்கள் அவருடைய மருமகள், மூலைக்கடை அண்ணாச்சி, தண்ணீர் லாரிக்காரர் ஆகியோர். ஆய்வுப்பொருள் முருங்கைக் கவட்டில் கிடக்கிறது. அதனிடம் முறைப்படி நேர்காணல் கோரினோம். ஒரு கண்ணால் நம்மைப் பார்த்தது. மற்றொரு கண் ஈயின் மேல் இருந்தது. இதை ஒப்புதலாகக் கொண்டோம்.

1.0 வகைப்பாடு

பச்சோந்தி மூவகைப்படும். முதல் வகை பச்சோந்தி. இரண்டாம் வகை ஓணான். ஊரார் கைநீட்டி, “அந்தா பச்சோந்தி” என்று காட்டுவது பெரும்பாலும் இதைத்தான். இணைசேரும் காலத்தில் ஆணுக்குக் கழுத்து சிவந்துவிடுவதால் ரத்தம் குடிக்கிறது என்ற பழியும், பழிக்குக் கூலியாகப் பையன்களின் கல்லும் இதற்குக் கிடைக்கின்றன. இரண்டுக்கும் விஷமில்லை. மூன்றாம் வகை அரசியலில் உள்ளது. பக்க வரம்பு கருதி விடப்படுகிறது.

1.1 சொல்லாராய்ச்சி

ஆயுள் போதாது.

2.0 இவ்வியல் எழுதப்படவில்லை. நெறியாளர் ஊரில் இல்லை.

3.0 வந்த வழி

புதிதாக வந்த பச்சோந்தி எங்கிருந்து வந்தது? திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டு உடைமரத்திலிருந்து விறகுக்கட்டோடு வந்தது என்பது ஒரு கருத்து (ஆச்சி, வாய்மொழி). காக்கை வாயிலிருந்து தவறி விழுந்தது என்பது மற்றொன்று (ஆச்சி, மேலது, வெற்றிலைக்குப் பின்). கப்பலில் வந்திருக்கலாம் என்று அண்ணாச்சி ஐயுறுகிறார். தூத்துக்குடி 1974 முதல் பெருந்துறைமுகம். நிலக்கரி வருகிறது, மரத்தடி வருகிறது, பச்சோந்தி ஏன் வரக்கூடாது என்பது அவர் வாதம். வேலிக்கு அந்தப்பக்கத்துக் கருவேல மரத்திலிருந்து நடந்து வந்தது என்ற நான்காம் கருத்து, மிக எளிமையாக இருப்பதால் ஆய்வுக்குத் தகுதியற்றது.

இவ்விடத்தில் சற்று விரிவாகப் பேச வேண்டியுள்ளது. வியன்னாவில் 1768இல் நூல் வெளியிட்ட லாரென்டி என்பவர் நம் முருங்கைப் பச்சோந்திக்கு இலங்கையின் பெயரைச் சூட்டினார். இதே இனம் இலங்கையின் வறண்ட பகுதியிலும் இருக்கிறது, நம் கரையிலும் இருக்கிறது. நடுவே மன்னார் வளைகுடா. நீந்திப் போயிருக்குமா? தோணி ஏறியிருக்குமா? உலகப் பச்சோந்தி இனங்களில் ஏறத்தாழப் பாதி மடகாஸ்கரில் வாழ்கின்றன என்பதையும் இத்துடன் சேர்த்துப் பார்த்தால், கைவிரல் தானாக நிலப்படத்தின் மேல் கோடு போடத் தொடங்கும். 1864இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலார் இப்படித்தான் கோடு போட்டார். மடகாஸ்கரின் லெமூர் என்ற குரங்கினப் பிராணிக்கு இந்தியாவிலும் உறவினர் இருப்பதைக் கண்டு, இடையே ஒரு கண்டம் மூழ்கியிருக்க வேண்டும் என்று கருதி அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். நிலத்தட்டுகள் நகர்கின்றன என்று தெரிந்த பிறகு நிலவியலார் அந்தக் கண்டத்தைக் கைவிட்டார்கள். நம்மவர் கைவிடவில்லை, அதில் ஆறு ஓடவிட்டு, மலை எழுப்பி, தமிழ்ச் சங்கமும் நடத்திவிட்டோம். ஸ்கிளேட்டர் துரை அன்று லெமூரை விட்டுவிட்டுப் பச்சோந்தியைப் பிடித்திருந்தால், இன்று நம் மாநாட்டு மலர்களில் பச்சோந்தியா கண்டத்தின் வரைபடம் நடுப்பக்கத்தில் வந்திருக்கும்; அதன் அரசர் பெயர்களும் வரிசையாகக் கிடைத்திருக்கும்.

பனியுகத்தில் கடல்மட்டம் இன்றைவிட நூறு மீட்டருக்கும் கீழே இறங்கியிருந்தது, பாக் விரிகுடாவின் ஆழமோ பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைவு, ஆகவே இலங்கைக்கு எல்லாப் பிராணிகளும் நடந்தே போய்வந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு. இதில் யாரும் மூழ்கிச் சாகாததால் கவிச்சுவை குன்றுகிறது.

4.0 கூண்டு

கூடாது: வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972.

கூண்டே கூடாதென்றால் குடியமர்த்துவது எப்படி என்ற வினா எழும். கதவு, சன்னல், கொசுவலை, மின்விளக்கு, நேரத்துக்கு உணவு ஆகியவை அமைந்த அடைப்பு இவ்வாய்வுக்களத்தில் ஒன்றுதான் உள்ளது, அது வீடு. அதனுள் அடைபட்டுள்ளோர் வீட்டார். புதிய சூழலுக்குப் பழக்கப்படுத்த வேண்டியவர் யார் என்பது இதனால் பெறப்படும்.

மேலை நாட்டு நூல்கள் புதிதாக வந்த பச்சோந்திக்கு வகுக்கும் விதிகள் பின்வருமாறு: வலையடித்த உயரமான கூடு, ஏற உயிருள்ள செடி, வெயில் காயச் சூட்டு விளக்கு, புறஊதா ஒளி தரும் தனி விளக்கு, இலைமேல் நீர் தூவும் கருவி, முதல் சில வாரங்கள் கையில் தூக்காமை, உற்று நோக்காமை. இவற்றுள் செடிக்குச் செம்பருத்தியே அங்கும் பரிந்துரைக்கப்படுகிறது. விளக்கு இரண்டையும் தூத்துக்குடியில் காலை 7 மணிக்கு மேல் இலவசமாகத் தருகிறார்கள்; உப்பளக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். நீர் 4.1இல் வரும். எஞ்சி நிற்பவை கடைசி இரண்டு விதிகள். இவற்றைப் பச்சோந்தி முதல் நாளே கடைப்பிடித்தது. நம்மைத் தூக்கவில்லை. வீட்டாருக்குத்தான் பயிற்சி தேவைப்பட்டது.

4.1 நீர்

வந்த பிராணிக்கு ஆச்சி சிரட்டையில் தண்ணீர் வைத்தார். அது திரும்பியும் பார்க்கவில்லை. “ஏதோ பெரிய வீட்டுப் பிறப்பு போல,” என்று ஆச்சி பதிவுசெய்கிறார். பச்சோந்திக்குத் தேங்கிய நீர் நீராகவே படாது; இலையில் துளி தொங்கினால் நக்கும். வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணீர் வந்து, மோட்டார் போட்டவர் நிறுத்த மறந்து, தொட்டி வழிந்து, செம்பருத்தி இலையில் சொட்டினால்தான் அதன் தாகம் தீரும். மோட்டாரை நிறுத்த மறப்பதற்கு இவ்வாறு ஓர் அறிவியல் காரணம் கிடைத்ததில் குடும்பத்தலைவருக்கு மகிழ்ச்சி. 2023 டிசம்பர் பெருமழையில், காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த நாளில், பச்சோந்திகள் எப்படி நீர் அருந்தின என்பதற்குத் தரவு இல்லை. ஆய்வாளர்கள் மொட்டைமாடியில் இருந்தனர்.

5.0 நடையியல்: வருகிறதா, போகிறதா?

இதுவே இவ்வாய்வின் உயிர்நிலை. பச்சோந்தி காலை முன்னே நீட்டும், கிளையைத் தொடாமல் பின்னே இழுக்கும், உடம்பை முன்னும் பின்னும் ஆட்டும், மறுபடி நீட்டும். முன்னங்காலில் வெளிப்புறம் இரண்டு விரல், உட்புறம் மூன்று. பின்னங்காலில் அதற்கு நேர்மாறு. இப்படி இடுக்கியாய்ப் பிரிந்த விரல்களால் ஒருவழியாகக் கிளையைப் பற்றும்போது, பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் காப்பி ஆறியிருக்கும்.

அது வருகிறது என்பர் ஒரு சாரார் (ஆச்சி, வாய்மொழி, துவைக்கிற கல் பதிப்பு). போகிறது என்பர் மறு சாரார் (மருமகள், மறுப்புரை, அடுப்படிப் பதிப்பு, தாளிப்புச் சத்தத்தில் மூன்று சொற்கள் சிதைந்துள்ளன, சிதைந்தவை மாமியாரைப் பற்றியவை என்பர் உரையாசிரியர்). வருவதும் போவதுமில்லை, எண்ணிக்கொண்டிருக்கிறது என்ற மூன்றாம் கட்சியும் உண்டு (மூலைக்கடை அண்ணாச்சி, கடன் நோட்டு, நீல அட்டை, உள்பக்கம், “முருங்கை” எனத் தொடங்கும் வரி, அதன்மேல் எண்ணெய்க் கறை, கறைக்கடியில் தெரிவது கட்டுரையாளரின் பழைய பாக்கி எனச் சிலர் பாடம் ஓதுவர், அது பிற்கால இடைச்செருகல்). இம்மூன்றையும் மறுத்துத் தண்ணீர் லாரிக்காரர் ஒரு கருத்து வெளியிட்டுள்ளார் (ஹாரன் வடிவில், தெருமுனையில் தொடங்கி வாசல்வரை நீள்வது, ஒரே மூச்சில் அமைந்தமையால் பதம் பிரிக்க இயலவில்லை, ஒப்புநோக்குக: எதிர்வீட்டு நாயின் விரிவுரை, அதே நாள், அதே சுருதி, நாயின் பிரதியே மூலம், லாரியினது தழுவல் என்ற ஐயம் ஆச்சிக்கு உண்டு, ஆச்சி அப்போது உறங்கிக்கொண்டிருந்தார் என்று மருமகள் அடிக்குறிப்பிடுகிறார்).

இவ்வாறு கருத்துகள் முரணும்போது புதுச்சொல் ஒன்றைப் படைத்துவிட்டு நகர்வதே ஆய்வு மரபு. எந்தச் சொல்லுக்கும் முன்னால் ‘பின்’ சேர்த்தால் அது கோட்பாடாகிவிடும் என்பதைக் கடந்த முப்பது ஆண்டுகளில் கண்டிருக்கிறோம். பச்சோந்தி உண்மையிலேயே பின்னோக்கி ஆடுவதால் ‘பின்நடையியம்’ என்று இதற்குப் பெயரிடலாம். தமிழ்க் கோட்பாட்டுச் சொற்களில், குறிக்கும் பொருளோடு ஏதேனும் தொடர்புள்ள முதற்சொல் இதுவாக இருக்கலாம்.

காற்றில் அசையும் இலைபோலத் தோன்றி எதிரியை ஏமாற்றவே இந்த ஆட்டம் என்று விலங்கியலார் கருதுகின்றனர். ஆடி மாதக் கச்சான் காற்றில் இக்கருத்து பொருந்தும். மரம் முழுக்க ஆடும்போது பச்சோந்தி எது, முருங்கை எது என்று தெரியாது. காற்று செத்த மத்தியானத்தில் ஓர் இலையும் அசையாது. இது மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருக்கும். அப்படி ஆடும்போதுதான் வீட்டார் எல்லோரும் அதைக் கண்டுபிடித்தார்கள்.

6.0 நிறம்

இருக்கும் இடத்தின் நிறத்துக்கு அது மாறும் என்ற கூற்றைச் சோதிக்க, முருங்கைக் கிளையில் கட்டம் போட்ட சாரம் (லுங்கி) ஒன்று காயப்போடப்பட்டது. பச்சோந்தி கட்டம் போட்டுக்கொள்ளவில்லை. காலையில் கருத்துக் கிடந்து வெயிலை வாங்கியது, சூடேறியதும் பச்சையானது, காக்கை வந்ததும் உடம்பை ஊதி, சீறி, புள்ளி புள்ளியாய் இருண்டது. இரவில் டார்ச் அடித்தால் கிளை நுனியில் வெளிறிப்போய், வால் சுருட்டி, உறங்கியது. சூடும் மனநிலையும்தான் அதன் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. பக்கத்தில் காயும் சாரத்தை அது கணக்கில் எடுப்பதில்லை.

ஜெனிவா பல்கலைக்கழகத்தார் 2015இல் மடகாஸ்கர்ப் பச்சோந்தி ஒன்றில் இதன் உட்பொறியைக் காட்டினார்கள். தோலுக்குள் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக உள்ளன. பிராணி அமைதியாய் இருக்கும்போது அவை நெருங்கி நின்று நீல ஒளியைத் திருப்பி அனுப்பும்; தோலின் மஞ்சள் நிறமியோடு அது சேர்ந்து பச்சையாகும். ஆவேசம் வந்தால் படிகங்கள் விலகும். மஞ்சளும் செம்மையும் எழும். புதிதாகச் சாயம் ஒன்றும் சேராமல் அடுக்கின் இடைவெளியாலேயே நிறம் மாறுகிறது. முத்தின் மேல் ஓடும் வானவில்லும் இதே வழியில் வருவதுதான். அங்கே படிகம் அரகோனைட், அடுக்கியது சிப்பி.

முத்துக்கும் பச்சோந்திக்கும் உள்ள இந்த உறவைத் தூத்துக்குடியில் இருந்துகொண்டே யாரும் எழுதாதது வியப்பு. கொற்கை முத்தைத் தொடாத ஆய்வேடு இல்லை. கொற்கை இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது என்பதை, பேருந்து அங்கே இறக்கிவிட்ட பிறகுதான் பல முனைவர்கள் அறிகிறார்கள். தூத்துக்குடி முத்துப்பாரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தூத்துக்குடி மையத்தார் சிப்பிக்குள் கரு வைத்து முத்து விளைவித்தார்கள். அவர்கள் சிப்பியைத் திறந்து பார்த்தவர்கள் என்பதால் இலக்கிய ஆய்வில் மேற்கோள் காட்டப்படுவதில்லை.

7.0 முடிபுகள்

வீட்டாரைப் பழக்குவதில் கண்ட முன்னேற்றம் கீழ்வருமாறு. குழந்தைகள் குச்சியால் தொடுவதை நிறுத்தினர். குடும்பத்தலைவர் முருங்கைக்காய் பறிக்குமுன் கிளையை ஒருமுறை பார்க்கிறார். மருமகள், அது போகிறது என்ற கொள்கையைக் கைவிடவில்லை, ஆனால், விரட்டுவதில்லை. “அது பாட்டுக்குக் கெடக்கட்டும், தம்பி. நீ ஏன் எழுதிக்கிட்டே இருக்க?” என்று ஆச்சி எழுப்பிய வினா மேலாய்வுக்குரியது.

வாசகருக்கு இரண்டு வேண்டுகோள். பச்சோந்தி விலைக்கு இருக்கிறது என்று யாரேனும் வந்தால் வனத்துறைக்குச் சொல்லுங்கள், வாங்குவதும் குற்றம். பெண் பச்சோந்தி முட்டையிட மரத்தை விட்டு இறங்கி மண்ணைத்தான் தோண்டும். ஆகவே, பின்வாசலுக்குச் சிமெண்ட் பூச ஆள் வந்தால், முருங்கையடியில் நான்கு சதுர அடியாவது மண்ணாக விட்டுவிடச் சொல்லுங்கள்.