கொசுறுக் கணக்கு

பெங்களூரில் வேலை கிடைத்தால் சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கும். குளிர்காற்றை ஊர் கொசுறாகக் கொடுக்கும். மாற்றல் உத்தரவோடு முனகிக்கொண்டே வந்து சேர்ந்த சர்க்கார் உத்தியோகஸ்தர்கள் பலர் ரிட்டயர் ஆன பிறகும் சொந்த ஊருக்குத் திரும்பாததற்கு இந்தக் கொசுறுதான் காரணம். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 900 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிற ஊர். ஒரு காலத்தில் வீட்டில் ஃபேன் மாட்டினால் அக்கம்பக்கத்தில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார்களாம். பிறகு ஏரிகளைத் தூர்த்தார்கள், மரங்களை வெட்டினார்கள், கொசுறு குறைந்துகொண்டே வந்தது. 2016 ஏப்ரலில் ஒரு நாள் 39.2 டிகிரி கொளுத்தியது. வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் மட்டும் அன்றைக்கு, ரயில் செலவில்லாமல் ஊருக்குப் போய்விட்டு வந்தோம் என்று சொல்லிக்கொண்டார்கள்.

வாடகை வீட்டுக்குப் பத்து மாத அட்வான்ஸ் கேட்டுப் பழகிய ஊர் இது. தண்ணீர் லாரியில் வரும். சாலையில் குழி எது, சாலை எது என்று கண்டுபிடிக்கப் பகல் வெளிச்சம் வேண்டும். இருந்தும் ஒருத்தரும் மூட்டை கட்டுகிற வழியாகத் தெரியவில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: எதையும் எதிர்பார்க்காமல் இருக்க இந்த ஊர் நம்மை அருமையாகப் பழக்கிவிடுகிறது. அப்புறம் எது கிடைத்தாலும் கொசுறு.

போக்குவரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். டாம்டாம் என்கிற நிறுவனம் உலக நகரங்களின் நெரிசலை அளந்து பட்டியல் போடுகிறது. 2022ல் பெங்களூரின் நடுப்பகுதியில் 10 கிலோமீட்டர் போக சராசரியாக 29 நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகிறது என்று சொல்லி, லண்டனுக்கு அடுத்தபடியாக இரண்டாம் இடம் கொடுத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் இதைக் கேட்டு யாருக்கும் கோபம் வரவில்லை. '29 நிமிஷமா? எந்த வழியில் போனார்களாம்?' என்றுதான் விசாரித்தார்கள்.

செல்போன் வரைபடம் காலையில் ஒரு மணி நாற்பது நிமிடம் என்று தீர்ப்புச் சொல்லும். அதற்கு மனசைத் தயார்படுத்திக்கொண்டு கிளம்புகிறவன் ஒன்றேகால் மணியில் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்? எங்கள் அலுவலகத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில் வந்து பாருங்கள். வரிசையாக நிற்கிற கார்களுக்குள் ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு இளையராஜா கேட்பார். ஒருவர் டிபன் பாக்ஸைத் திறந்து மதியச் சாப்பாட்டில் முன்பணம் எடுத்துக்கொண்டிருப்பார். ஒருவர் சும்மா ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி புன்னகை செய்துகொண்டிருப்பார். அத்தனை பேரும் மிச்சமான அந்த இருபத்தைந்து நிமிடத்தைச் செலவழிக்கிறார்கள். வீட்டுக்கும் சொந்தமில்லாத, ஆபீஸுக்கும் சொந்தமில்லாத நேரம் அது. கார் கண்ணாடியைத் தட்டி யாரும் பேச மாட்டார்கள். அந்த நாகரிகம் எங்களுக்கு உண்டு.

நெரிசலிலேயே நின்றாலும் நஷ்டமில்லை. லால்பாக்கையும் இந்த ஊர்த் தோட்டங்களையும் பார்த்துக்கொண்ட ஜெர்மானியர் க்ரும்பீகல், போன நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு யோசனை செய்தார். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் இன்னொன்று பூக்க ஆரம்பிக்க வேண்டும், வருஷம் முழுக்கத் தெருவில் எங்காவது ஒரு நிறம் இருக்க வேண்டும். அவருக்குப் பின்னால் 1980களில் வனத்துறை அதிகாரி நெகினஹால் ஊர் முழுக்க மரக்கன்றுகளை நட்டுத் தள்ளினார். பெரிய மனசுக்காரர்கள். மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன் எந்தப் பூவைப் பார்ப்பான்? பிப்ரவரியில் இளஞ்சிவப்புப் பூ தலைக்குமேல் கொத்துக்கொத்தாகத் தொங்க, கீழே ஒரே இடத்தில் முக்கால் மணி நேரம் நிற்கிற ரசிகர் கூட்டத்தை மாநகர நிர்வாகம் செலவில்லாமல் திரட்டிக் கொடுத்திருக்கிறது.

ஆட்டோ விஷயத்தில் எதிர்பார்ப்பு இன்னும் கீழே. மீட்டர்படி முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய். இது எல்லோருக்கும் தெரியும், பெருக்கல் வாய்பாடு தெரிகிற மாதிரி. தெரிந்து என்ன செய்ய? 'மீட்டர் மேலே இருபது கொடி ஸார்' என்பதில்தான் பேச்சே தொடங்கும். ஒருநாள் ராத்திரி, மழைத் தூறல், மல்லேஸ்வரத்தில் நானும் மனைவியும் ஏறி உட்கார்ந்ததும் டிரைவர் ஒன்றும் பேசாமல் மீட்டரைப் போட்டார். என் மனைவி என் காதருகே குனிந்து, "ஏங்க, இவர் நிஜமாவே ஆட்டோக்காரர்தானா?" என்றாள். எனக்கும் அதே சந்தேகம். வழி முழுக்க மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தோம். அது நியாயமாக ஓடியது. இறங்கியதும் சந்தோஷம் தாங்காமல் நானே இருபது ரூபாய் கூடக் கொடுத்தேன். ஆக, கணக்கு எங்கும் போகவில்லை. ஆனால் கொடுக்கிற கை நம்முடையது என்றால் அதில் ஒரு ராஜ களை இருக்கத்தான் செய்கிறது.

இதெல்லாம் அவ்வப்போது அமைகிறவை. நாள் தவறாமல், மழையானாலும் பந்த் ஆனாலும் கிடைக்கிற கொசுறு ஒன்று உண்டு. பை டூ காபி.

தமிழ்நாட்டில் பை டூ என்பது சூப்போடு நின்றுவிட்டது. இங்கே அது காபியில் குடியேறி, குடியுரிமையும் வாங்கிவிட்டது. அதற்கு இடம் கொடுத்தது தர்ஷினி. ஆர். பிரபாகர் என்பவரின் யோசனையில் 1983ல் ஜெயநகரில் கஃபே தர்ஷினி திறந்தார்கள். காசைக் கட்டு, சீட்டை வாங்கு, நீயே போய் எடுத்துக்கொள், நின்றுகொண்டு சாப்பிடு, இடத்தைக் காலி செய். நாற்காலி கிடையாது. விருந்தோம்பலைப் பற்றி நம் முன்னோர் சொன்ன அத்தனைக்கும் நேர் எதிரான ஏற்பாடு. அதை ஊர் அப்படியே வாரி அணைத்துக்கொண்டது. இன்றைக்கு எந்தப் பேட்டையிலும் தெருமுனைக்கு ஒன்று. நாற்காலி போடாததால் கிளம்பச் சொல்லவும் யாருக்கும் வாய் வராது. நிற்கிறவனை எப்படி எழுப்புவது?

காபி கவுன்ட்டர்க்காரரின் கையைக் கவனித்திருக்கிறீர்களா? டம்ளர்களை ஒட்டி ஒட்டி வரிசையாக வைத்துக்கொள்வார். டிகாக்‌ஷன் குவளையை ஒருமுறை சாய்த்தால் நிமிர்த்துவது கிடையாது. கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போய்விடும். டம்ளருக்கு வெளியே ஒரு சொட்டு சிந்தாது. பிறகு பால், கொஞ்சம் உயரத்திலிருந்து. நுரை விளிம்புக்கு மேலே எழும்பி, வழியலாமா வேண்டாமா என்று யோசித்து, நின்றுவிடும். நாம் சீட்டை நீட்டி 'பை டூ' என்றதும் அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். இன்னொரு டம்ளரை இழுத்து, இரண்டிலும் பாதிக்கு ஊற்றுவார். ஊற்றிவிட்டு, இரண்டையும் ஒரு பார்வை பார்ப்பார். இந்தப் பார்வைதான் விஷயம். பாதி டம்ளர் காபி பார்க்க ஏழ்மையாக இருக்கிறது என்று அவருக்கே தோன்றும்போல. இதில் ஒரு சிட்டிகைப் பால், அதில் ஒரு சொட்டு டிகாக்‌ஷன், மேலே நுரை. இரண்டும் முக்காலுக்கு வந்து நிற்கும். பாதியும் பாதியும் ஒன்று என்பது பள்ளிக்கூடத்துக் கணக்கு. ஜெயநகரில் அது ஒன்றரை. சில கடைகளில் 'பை டூ இல்லை' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள். கணக்குப் படித்தவர்கள் நடத்துகிற கடைகளாக இருக்க வேண்டும்.

மெனுவில் இருக்கிற எதையும் தனியாளாகப் போய் வாங்கலாம். பை டூவை மட்டும் முடியாது. இன்னொருத்தர் வேண்டும். அந்த இன்னொருத்தர் யார் என்பதில் நுணுக்கம் இருக்கிறது. மேனேஜரோடு போனால் முழுக் காபிதான். பெண் பார்க்க வந்த இடத்திலும் முழுக் காபிதான். ராஜினாமா எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் வீட்டில் சொல்லவில்லை என்கிற மாதிரி செய்திகள் பை டூவில்தான் வெளியே வரும். மீட்டிங்கில் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறிவிட்டு வந்த இரண்டு பேர் கவுன்ட்டரில் 'பை டூ' என்று சொன்னார்களானால் அந்தச் சண்டை முடிந்துவிட்டதாக அர்த்தம். முழுசு முழுசாக வாங்கினால் மறுநாள் காலை ஈமெயிலில் தொடரும்.

துணை இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. எங்கள் பேட்டை தர்ஷினியில் ஒரு பெரியவர். எழுபதைத் தாண்டியவர், காதில் மப்ளர், கையில் மடித்த செய்தித்தாள். ஒருநாள் காலை நான் தனியாக சீட்டு வாங்கப் போனபோது பக்கத்தில் வந்து, கல்யாணத்துக்கு அழைக்கிற மரியாதையோடு, "ஸார், பை டூ மாடோண்வா?" என்றார். முன்பின் அறிமுகம் கிடையாது. சரி என்றேன். காசை அவரே கொடுத்தார். தடுத்ததற்கு, அடுத்த தடவை நீங்கள் என்றார். டம்ளரை வேட்டி முனையால் பிடித்துக்கொண்டு விளக்கினார். டாக்டர் ஒரு நாளைக்கு ஒரு காபிதான் என்று சொல்லியிருக்கிறார். அரைக் காபியைப் பற்றி டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததை எண்ணிக்கையில் சேர்க்க முடியாது. வேலை நாட்களில் பேங்க்கில் ஆடிட் செய்தவராம். நான் இட்லியை முடித்துக் கை கழுவிவிட்டுத் திரும்பினால், அதே மப்ளர் காலேஜ் பையன் ஒருவனிடம், "தம்பி, பை டூ?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

காபியே இப்படி என்றால் சட்னியைக் கேட்கவே வேண்டாம். சங்கரபுரத்தில் 1965லிருந்து நடக்கிற பிராமின்ஸ் காபி பாரில் அயிட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்: இட்லி, வடை, காரா பாத், கேசரி பாத், அப்புறம் காபி டீ. சாம்பார் கிடையாது. இட்லியை சாம்பாரில் முங்கவைத்தே வளர்ந்த தமிழனுக்கு முதலில் இது துக்கச் செய்தி. ஆனால் சட்னிக்கென்றே ஓர் ஆள் நிற்கிறார். தட்டை நீட்டினால் ஊற்றுவார். திரும்ப நீட்டினால் திரும்ப ஊற்றுவார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது. நான் பார்த்தவரையில் இங்கே ஜனங்கள் சட்னி தீர்ந்ததென்று இட்லி வாங்குகிறார்கள், இட்லி தீர்ந்ததென்று சட்னி வாங்குகிறார்கள். எது முதலில் முடியும் என்பது ஆண்டவனுக்குத்தான் தெரியும். சட்னி என்ன, இட்லியே கொசுறாக வந்த கதையும் உண்டு. 1924ல் தொடங்கிய எம்.டி.ஆர். ஓட்டல் தன் ரவா இட்லிக்குச் சொல்கிற வரலாறு என்ன? இரண்டாம் உலகப் போரில் அரிசி தட்டுப்பாடாகிவிட, ரவையை வைத்து முயன்றார்களாம். உலகம் ஆறு வருஷம் அடித்துக்கொண்டதில் யார் யாருக்கோ என்னென்னவோ கிடைத்தது. மேலே முந்திரிப்பருப்பு வைத்த ஓர் இட்லி நம் பங்குக்கு வந்தது.

இந்தக் கொசுறு வியாபாரத்துக்கென்றே வருஷத்துக்கு ஒரு திருவிழாவும் நடக்கிறது. பசவனகுடியில் கடலேகாய் பரிஷே. கன்னடக் கார்த்திகை மாதத்தின் கடைசித் திங்கட்கிழமையை ஒட்டி, பெரிய நந்தி கோயிலுக்குப் போகிற தெருவின் இரண்டு பக்கமும் நிலக்கடலை மலை மலையாகக் குவிந்துவிடும். பச்சை, வறுத்தது, வேகவைத்தது. முன்னொரு காலத்தில் இங்கே சுற்றுவட்டாரத்தில் கடலை பயிரிட்டார்களாம். ஒரு காளை ராத்திரி ராத்திரி வந்து மேய்ந்துவிட்டுப் போக, உழவர்கள் முதல் விளைச்சலை அதற்கே படைப்பதாக வேண்டிக்கொண்டார்களாம். அந்தக் காளைக்கு எழுப்பியதாகச் சொல்லும் கோயில்தான் இது. ஒரே கல்லில் செதுக்கிய நந்தி, பதினைந்து அடி உயரம். வயல்கள் எல்லாம் அபார்ட்மென்ட் ஆகிவிட்டன. காளை இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை, அதனால் கடலை வெளியூரிலிருந்து லாரியில் வந்து படையலாகிறது.

பரிஷேயின் சட்டம் ஒன்றுதான். எந்தக் குவியலிலும் கை வைக்கலாம், உடைத்துப் பார்க்கலாம், தின்னலாம், வாங்காமலும் போகலாம். கோயில் வாசலுக்கு வருவதற்குள் வயிறு நிறைந்துவிடும். தெருவே காலடியில் தோல் நொறுங்குகிற சத்தமாக இருக்கும்.

ஒரு வருஷம் அந்தச் சமயத்தில் அம்மா திருவண்ணாமலையிலிருந்து வந்திருந்தாள். மல்லாட்டைக் காட்டில் பிறந்து வளர்ந்தவள். கூட்டிக்கொண்டு போனேன். அவள் சாமி கும்பிட வந்தவளாகத் தெரியவில்லை. மாவட்ட வேளாண் அதிகாரி மாதிரி ஒவ்வொரு குவியலாக நின்றாள். ஒரு காயை எடுப்பாள், காதோரம் ஆட்டுவாள், கட்டைவிரலால் ஒரு அழுத்து, பருப்பை வாயில் போட்டுக்கொண்டு, "போன வருஷத்துது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு அடுத்த குவியலுக்கு நகர்வாள். தமிழ் யாருக்குப் புரியப்போகிறது என்று நான் தைரியமாக இருந்தேன். ஆறேழு குவியல் தள்ளி ஒரு கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "இது இந்த வருஷத்துதும்மா. நான் கிருஷ்ணகிரிதான்" என்றார்.

அவ்வளவுதான், வாங்கியாக வேண்டியதாகிவிட்டது. அம்மா இரண்டு படி கேட்டாள். அவர் கோபுரமாகக் குவித்து அளந்து பையில் கொட்டினார். அம்மா பையை மடிக்காமல் திறந்தே பிடித்துக்கொண்டு நின்றாள். அவருக்குப் புரிந்தது. இரண்டு கையாலும் அள்ளி ஒரு பிடி போட்டார். அம்மா பைக்குள் கையை விட்டு, மேலாக விழுந்ததில் இரண்டு காயை எடுத்துக் காதோரம் ஆட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"இது ரெண்டும் பொக்கு. மாத்திக் குடு."

"அம்மா, அது கொசுறும்மா."

"அதான் கேக்கறேன். காசு குடுத்ததுல பொக்கு இருந்தா போவட்டும்னு வுட்டுருவேன்."