தினமும் எழும்பி இறங்கும் வீடு

ஆதம்பாக்கத்தில் இருக்கும் எங்கள் வீடு தினமும் இரண்டு தடவை எழும்பி இறங்குகிறது. காலை பத்து மணிக்குத் தன் இடத்தில் ஒழுங்காக இருக்கும். அதற்குப் பிறகு மெல்லக் கிளம்பி, சாயங்காலம் நாலு மணிக்குள் இருபத்தைந்து, முப்பது மீட்டர் மேலே போய்விடும். ராத்திரி பத்துக்கு மறுபடி கீழே. விடியற்காலை நாலு மணிக்கு, எல்லோரும் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில், இன்னொரு சின்ன எழுச்சி. குடியிருப்பில் வேறு யாருக்கும் இந்தச் சங்கதி தெரியாது. மலையேறுகிறவர்களுக்கான கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு இரண்டாம் மாடியில் குடியிருப்பவன் நான் ஒருவன்தான்.

கடிகாரத்தின் யோக்கியதாம்சங்களைச் சொல்லிவிடுகிறேன். 100 மீட்டர் ஆழத்தின் நீரழுத்தத்தைத் தாங்கும். மைனஸ் 20 டிகிரியிலும் ஓடும். எனக்கு நீச்சல் தெரியாது. நான் அனுபவித்த உச்சபட்சக் குளிர் தி.நகர் ஜவுளிக்கடை ஏ.சி.யில், மனைவி பட்டுப்புடவை எடுத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தது. கனத்தைப் பற்றிக் கேட்டால், மணிக்கட்டில் ஒரு மசால்வடையைக் கட்டியது போல இருக்கும். முழுக்கைச் சட்டையின் பொத்தான் அதற்கு மேல் மூடாது. "கல்யாண வீட்டுக்காவது அந்த வடையைக் கழட்டி வெச்சிட்டு வாங்க" என்பது வீட்டில் எனக்கு நிலையான உத்தரவு.

விளம்பரத்தில் ஒரு தாடிக்காரர் பனிமலை விளிம்பில் நின்று மணிக்கட்டைப் பார்ப்பார். அவர் பார்வையில் உயிர் பிழைப்பதா வேண்டாமா என்ற கேள்வி தெரியும். இந்தக் கடிகாரங்களை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது மணிக்கட்டைப் பார்க்கிறவர்கள் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். தாடிக்காரருக்காகச் செய்ததுதான் என்பதும் நிஜம். ஃபின்லாந்தில் 1936 முதல் திசைகாட்டி செய்துவந்த சூன்டோ நிறுவனம் 1998-இல் வெக்டர் என்றொரு கடிகாரத்தைக் கொண்டுவந்தது. உயரமானி, அழுத்தமானி, திசைகாட்டி மூன்றையும் மணிக்கட்டில் சுமந்த அது மலையேறுகிறவர்களிடம் நல்ல பேர் வாங்கியது. அந்த வம்சத்துப் பிள்ளை ஒன்று கத்திப்பாரா மேம்பாலத்தைத் தன் வாழ்நாளின் பெரிய சிகரமாகக் கண்டுகொண்டு என்னிடம் காலந்தள்ளுகிறது.

வீடு ஏன் எழும்புகிறது என்று கேட்பீர்கள். கடிகாரத்துக்கு உயரத்தை நேராக அளக்கத் தெரியாது. உள்ளே இருப்பது காற்றழுத்தத்தை அளக்கும் ஒரு சில்லுதான். கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் சுமார் எட்டு மீட்டர் ஏறினால் ஒரு மில்லிபார் அழுத்தம் குறையும். கடிகாரம் இதைத் தலைகீழாகப் படிக்கிறது: ஒரு மில்லிபார் குறைந்துவிட்டதா, முதலாளி எட்டு மீட்டர் ஏறிவிட்டார். முதலாளி சோபாவில் படுத்திருக்கிறார் என்பது அதற்குத் தெரியாது. நம் பக்கத்தில் வெயிலின் சூட்டால் காற்று மண்டலமே கடல் ஓதம் மாதிரி தினமும் இரண்டு முறை ஏறி வற்றுகிறது. பத்து மணிகளில் அழுத்தம் அதிகம், நாலு மணிகளில் குறைவு, நடுவில் மூன்று நாலு மில்லிபார் வித்தியாசம். பெருக்கிப் பாருங்கள், முப்பது மீட்டர் வந்துவிடும். லண்டன்காரர்களுக்கு இந்தப் பாக்கியம் இல்லை. அங்கே வானிலையின் பெரிய ஆட்டத்தில் இந்தச் சின்ன ஆட்டம் அமுங்கிப்போய்விடும்.

உயரத்தைத் தானே திருத்திக்கொள்ளும் வசதியும் இந்தக் கடிகாரத்தில் உண்டு. அதை அணைத்து வைத்திருக்கிறேன். சொந்த வீடு, வங்கிக் கடனில் வாங்கியது, தினமும் உயர்வதைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. புயல் காலத்தில் இருபது மில்லிபார் இறங்கினால் இரண்டாம் மாடி 160 மீட்டருக்குப் போய்விடும். பக்கத்திலிருக்கும் பரங்கிமலை மொத்தமே 300 அடிதான். அதைக் குனிந்து பார்க்கலாம்.

இந்தச் சிக்கலை முதலில் சமாளித்தவர் ஒரு மாப்பிள்ளை. பாரிஸில் இருந்த பாஸ்கல், மலைமேல் காற்றழுத்தம் குறைகிறதா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். தான் ஏறவில்லை. கிளெர்மோனில் இருந்த அக்கா வீட்டுக்காரர் பெரியேவுக்குக் கடிதம் எழுதினார். மச்சினன் கேட்டால் மறுக்க முடியுமா? 1648 செப்டம்பர் 19 அன்று மனிதர் பாதரசத்தையும் கண்ணாடிக் குழாயையும் தூக்கிக்கொண்டு பியூய் த டோம் மலையில் ஏறினார். உச்சியில் பாதரசம் மூன்று அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவே இறங்கியிருந்தது. அவர் செய்த கெட்டிக்காரத்தனம் வேறு. இன்னொரு குழாயைக் கீழே ஒரு மடத்துத் தோட்டத்தில் வைத்து, ஒரு துறவியை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டுத்தான் ஏறினார். கீழே இருந்தது அசையவில்லை. ஆகவே மேலே இறங்கியது உயரத்தால்தான், வானிலையால் அல்ல. இன்று காற்றழுத்தத்தின் அலகுக்கே பாஸ்கல் என்று பெயர். மலையேறிய மாப்பிள்ளையின் பெயரில் ஒரு அலகும் இல்லை. மாப்பிள்ளைகளுக்கு இது புதிதல்ல.

துறவியை வேலைக்கு வைக்க எனக்கு வசதியில்லை. மாமியார் இருக்கிறார்.

முதலில் அவருக்குக் கடிகாரத்தின் மேல் அவ்வளவு மரியாதை இல்லை. அடியில் பச்சை விளக்கு எரிவதைப் பார்த்து, "கைக்கு அடியில என்ன மாப்ள, மின்மினிப் பூச்சியா?" என்றார். ரத்தம் பச்சை ஒளியை உறிஞ்சிக்கொள்ளும், ஒவ்வொரு துடிப்பிலும் திரும்பி வரும் ஒளி கூடிக் குறையும், அதைவைத்து நாடித்துடிப்பை எண்ணுகிறது என்று விளக்கினேன். "எங்க ஊரு வைத்தியர் விளக்கே இல்லாம பார்ப்பார்" என்று முடித்துவிட்டார். காலடிகளை எண்ணுகிறது என்றதும் வாங்கிக் கட்டிக்கொண்டு தேங்காய் துருவினார். பூஜை மணி அடித்தார். சமையலறையைவிட்டு வராமலே அடி எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. தினம் பத்தாயிரம் அடி என்ற இலக்கே 1965-இல் ஜப்பானில் ஒரு நடைமானியை விற்கப் பிடித்த எண் என்பதால், அதைத் தேங்காய் துருவி எட்டுவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

அவரைக் கவிழ்த்தது அழுத்தமானி. அழுத்தம் விறுவிறுவென்று இறங்கினால் கடிகாரம் புயல் அலாரம் அடிக்கும். எவ்வளவு இறங்கினால் அடிக்க வேண்டும் என்பதை நாமே வைக்கலாம். மாமியார் வடாம் போடும் பங்குனியில் நான் அதை ரொம்ப உஷாராக வைத்திருந்தேன். விளைவு, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத மதியங்களில் கூடக் கடிகாரம் மூன்று மணி வாக்கில் புயல் புயல் என்று அதிரும். அதாவது, வீடு வழக்கம்போல் எழும்பிக்கொண்டிருக்கும். மாமியார் மொட்டைமாடிக்கு ஓடி, பிழிந்து வைத்த வடாம் அத்தனையையும் புடவையோடு சுருட்டிக்கொண்டு வருவார். நாலைந்து தடவைக்கு மேல் ஆனபோது நான் உஷாரைக் குறைத்துவிடலாமா என்றேன். கூடாது என்றார். மூன்று மணிக்கு அலாரம் அடித்தால் அன்றைக்கு நல்ல வெயில், மழை வராது என்று அவர் கண்டுபிடித்துவிட்டார். காற்று வழக்கப்படி ஏறி வற்றும் நாள் அமைதியான நாள் என்பதால் இது கிட்டத்தட்ட சரியும்கூட. வானிலை ஆய்வாளர்கள் பாடப்புத்தகத்தில் படிப்பதை அவர் அரிசிக்கூழைப் பணயம் வைத்துக் கற்றுக்கொண்டார்.

அவர் மூலமாகத்தான் செய்தி பரவியது. மாப்பிள்ளையிடம் திசை காட்டும் கடிகாரம் இருக்கிறதாம் என்று மாடிக்கு மாடி பேச்சு. மூன்றாம் மாடிக்காரர் வாஸ்து பார்க்கக் கூப்பிட்டார். அவர் வீட்டுச் சமையலறை அக்னி மூலையில் இருக்கிறது என்று கட்டுநர் சத்தியம் செய்திருந்தாராம். கடிகாரத்தைப் பிடித்தபோது தென்கிழக்குதான். ஃப்ரிட்ஜுக்கு அருகே நகர்ந்ததும் தெற்கு. தூணோரம் போனால் தென்மேற்கு. கான்கிரீட்டுக்குள் கம்பி, ஃப்ரிட்ஜுக்குள் மோட்டார், திசைகாட்டிக்குள் நம்புகிற மனசு. அதற்கு மேல் என்ன செய்ய முடியும்? திறந்த வெளியில் கையை எட்டு மாதிரி சுழற்றினால் திசைகாட்டி சரியாகும் என்று கையேட்டில் இருக்கிறது. அவர் வீட்டு ஹாலில் நின்று நான் எட்டுப் போட்டதைப் பார்த்த அவருடைய அம்மா, ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் ஃப்ரிட்ஜை ஹாலுக்கு மாற்றிவிட்டார்கள். சமையலறை இப்போது அக்னி மூலையில்.

கடிகாரத்துக்கும் ஒரு மலை காட்ட வேண்டாமா என்று குடும்பத்தோடு ஊட்டி ரயிலில் போனோம். மேட்டுப்பாளையம் 326 மீட்டர், ஊட்டி 2,203 மீட்டர், நடுவில் 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கும் பல்சட்டத்தைக் கவ்விக்கொண்டு வண்டி ஏறும். வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டர். அது மனிதன் ஓடும் வேகம் என்று எனக்குத் தோன்றியது. மேட்டுப்பாளையத்தில் வண்டி நகர்ந்ததும் 'மலை ஓட்டம்' என்ற பொத்தானை அமுக்கிவிட்டு ஜன்னலோரம் சாய்ந்தேன். குகைகளில் மட்டும் கடிகாரம் செயற்கைக்கோள்களைத் தொலைத்துவிட்டுத் தவித்தது. மற்றபடி நான் ஓடிக்கொண்டே இருந்தேன். வேர்க்கடலை தின்றுகொண்டு ஓடினேன். குன்னூரில் டீ குடித்தேன். மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டரைச் செங்குத்து ஏற்றத்தில் நாலரை மணி நேரத்துக்குள் முடித்தேன்.

லவ்டேல் பக்கம் வந்தபோது அழுத்தமானியைப் பார்க்கும் சபலம் வந்தது. உயரத்தைக் கணக்கில் கொள்ளாமல், ஒரே இடத்தில் நிற்கிறோம் என்று நினைத்துக்கொள்ளும் முறையில் வைத்தேன். பூமியில் கடல் மட்டத்தில் பதிவான மிகக் குறைந்த அழுத்தம் 1979-இல் பசிபிக்கில் வீசிய டிப் சூறாவளியில், 870 மில்லிபார். ஊட்டியில் எந்த நாளும் 780 அளவில்தான் இருக்கும். கடிகாரம் தன் வாழ்நாள் முழுவதும் காத்திருந்த பேரழிவு வந்துவிட்டது என்று அதிர ஆரம்பித்தது. எதிரே கம்பளிக் குல்லாவோடு உட்கார்ந்திருந்த பெரியவர், "தம்பி, கையில என்னமோ துடிக்குது பாருங்க" என்றார். புயல் எச்சரிக்கை என்றேன். வெளியே தேயிலைச் சரிவில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவர் தன் பையை எடுத்துக்கொண்டு அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டார்.

ஊட்டி ஸ்டேஷனின் உயரத்தைவிடக் கடிகாரம் நூறு மீட்டர் குறைத்துக் காட்டியது. கடல் மட்டத்தில் 15 டிகிரி வெப்பம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடும் சாதனம் அது. சென்னையில் 15 டிகிரி வந்தால் பத்திரிகையில் முதல் பக்கச் செய்தி. சூட்டில் விரிந்த நம் ஊர்க் காற்று அந்தக் கணக்குக்குள் அடங்காது. ஓட்டத்தை நிறுத்தினேன். திரையில் ஒவ்வொன்றாக வந்தது: தூரம், ஏற்றம், சராசரி நாடித்துடிப்பு 72. கடைசியாக, 'பயிற்சிப் பலன்: இல்லை.' மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, உண்மையைப் பேசுதே" என்றாள்.

இதெல்லாம் இருக்கட்டும். மாமியாரின் கேள்வி ஒன்று பாக்கியிருந்தது. "எல்லாம் காட்டுது, சூரியன் உதிக்கிற நேரம், அடையிற நேரம், சந்திரன் வளருறது தேயுறது. ராகுகாலம் காட்டுமா மாப்ள?"

காட்டாது. ஆனால் காட்டத் தேவையான அத்தனையும் அதற்குள் இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பொழுதை எட்டாகப் பங்கு போட்டால், கிழமைக்கு ஒரு பங்கு ராகுகாலம். இந்த மாதிரிக் கடிகாரங்களுக்கு வெளியாட்களே சின்னச் செயலிகள் எழுதிக்கொள்ளலாம். கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் என் அக்கா மகன் ஒரு சனிக்கிழமை வந்து, "இவ்வளவுதானா மாமா?" என்று சொல்லி, மாமியாரின் அதிரசம் தீருவதற்குள் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்.

தகராறு மறுநாளே வந்தது. அது ஜூன் மாதம். பகல் நீளம். தினசரிக் காலண்டர் ஞாயிறு ராகுகாலம் நாலரையிலிருந்து ஆறு என்றது. ஆறுக்கு ஆறு பகல் என்று வைத்துக்கொண்ட கணக்கு அது. ஆனால் அன்று சென்னையில் சூரியன் அடைந்தது 6.38-க்கு. ஆகவே கடிகாரம் ஐந்து மணிக்குத்தான் அதிர்ந்தது, 6.38-க்குத்தான் விட்டது. எது சரி? வீட்டில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. காலண்டர்தான் சரி என்று மனைவி. சூரியன்தான் சரி என்று நான். மாமியார் இரண்டு பேரையும் உட்காரவைத்துத் தீர்ப்புச் சொன்னார்.

"எதுக்கு மாப்ள வம்பு? நாலரையிலேருந்து விட்டுருவோம். ஆறே முக்காலுக்குக் கிளம்பலாம்."

போய்ச் சேர்ந்தபோது அங்கே பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா மகன் இப்போது எமகண்டத்தையும் குளிகையையும் சேர்த்துக்கொண்டிருக்கிறான்.