கடலும் மலையும் குரங்கும் சேர்த்து

சிட்னியில் இருக்கும் என் தங்கச்சி, தன் பக்கத்து வீட்டு விற்பனை விளம்பரத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினாள். "அண்ணன், இப்பிடி எழுதினாத்தான் எங்கட நிலாவெளி வீடும் போகும்" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது.

வாசித்துப் பார்த்தேன். சிட்னிக்கு வடமேற்கே குன்றும் காடுமான பகுதி அது. அங்குள்ள தரகர்களுக்குச் செங்கல், சீமெந்து என்ற சொற்களே தெரியாது போலும். முதல் வரியில் மரம், அடுத்ததில் பற்றைக்காடு, அதற்கடுத்ததில் கிளிகள். வீடு கடைசியில், கார் நிறுத்தும் இடத்துக்கும் பிறகு, கூச்சத்தோடு எட்டிப் பார்க்கிறது. காட்டுத்தீ எவ்வளவு உக்கிரமாக வீட்டைத் தாக்கலாம் என்று அளந்து தரம் பிரிக்கும் நாடு அது. அப்படியிருந்தும் காட்டோரம் என்றால் விலை ஏறுமாம். எங்கள் பக்கம் காணியில் பற்றை வளர்ந்தால் விலை ஏறாது, டெங்கு நுளம்புக்கு இடம் கொடுத்தீர்கள் என்று பீ.எச்.ஐ.தான் படி ஏறுவார்.

ஆனாலும் எழுதினோம். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி ஒரு வரி சேர்த்தான்: "வீட்டு விறாந்தையிலிருந்து, கடலில் சூரியன் மறையும் அழகைக் காணலாம்." கிழக்குக் கரையில் பிறந்து வளர்ந்தவன். நிலாவெளியில் சூரியன் கடலில் மறையவேண்டுமானால் முதலில் இலங்கையைத் தூக்கித் திருப்பி வைக்கவேண்டும். "உதயம் எண்டு மாத்துவமா?" என்று கேட்டேன். விடியற்காலையில் எழும்புகிறவன் வீடு வாங்கமாட்டான் என்றான். தவிர, வீடு புல்மோட்டை வீதிக்கு மேற்கே இருக்கிறது. விறாந்தையிலிருந்து தெரிவது எதிர்வீட்டு வேலி. தண்ணீர்த் தாங்கிமேல் ஏறி நின்றால் கடல் கொஞ்சம் தெரியும், ஏணி நல்லதாக இருந்தால்.

அடுத்தது மலை. சிட்னி விளம்பரத்தில் குன்று இருந்ததால் எங்களுக்கும் ஒன்று வேண்டும் என்று தங்கச்சி பிடிவாதம். நிலாவெளியோ தோசைக்கல் மாதிரி தட்டையான ஊர். கடைசியில் புறாமலையை எடுத்துக்கொண்டோம். அது கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் நிற்கிறது, 2003 முதல் தேசியப் பூங்கா, ரிக்கற் எடுத்துப் படகில் போகவேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் பீரங்கி சுட்டுப் பழகிய பாறை. மாடப்புறாக்கள் அதற்குப் பிறகும் அங்கேயே இருப்பதற்கு அவற்றின் பொறுமைதான் காரணம். "மலைக்காட்சியுடன்" என்று எழுதினோம். எந்த மலை என்று யாரும் கேட்கவில்லை.

பசுமைக்குப் படம் வேண்டும். அதைத் தை மாதத்தில் எடுத்தாக வேண்டும். ஐப்பசியிலிருந்து கொட்டும் வாடைக்கால மழைக்குப் பிறகு எங்கள் வளவு கேரளம் போல இருக்கும். வாங்க வருகிறவர்கள் வருவதோ ஆடி, ஆவணியில், கடல் அடங்கி உல்லாசப் பயணிகள் நிறையும் காலத்தில். அப்போது கச்சான் காற்று அடித்துப் புல்லெல்லாம் கருகி, வேலியோரத்துப் பனைகள் மட்டும் சரசரக்கும். படத்தையும் வளவையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒருவர், "இது வேற காணியா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மரம் எப்படி வந்தது என்பது விளம்பரத்தில் எழுதக்கூடிய கதையல்ல. 1990 ஆனியில் சண்டை தொடங்கியபோது அடுப்பில் இருந்த சோற்றை இறக்கக்கூட நேரமில்லாமல் ஓடினோம். வருடங்கள் கழித்துத் திரும்பி வந்தால் கதவு நிலைகள் இல்லை, ஓடுகள் இல்லை, குசினிக்குள் ஒரு வேம்பு என்னைவிட உயரமாக நிற்கிறது. இப்போது தரகர் "இயற்கை எழில்" என்று காட்டுகிற மரங்களில் பாதி, நாங்கள் இல்லாத துணிச்சலில் முளைத்தவை. 2004 மார்கழியில் கடலும் வந்து கிணற்றுக்குள் இறங்கிவிட்டுப் போனது. இறைத்து இறைத்துப் பார்த்தும் தண்ணீரில் உவர் போக நெடுநாள் ஆயிற்று.

எங்களைவிட உறுதியாகக் குடியிருப்பவை குரங்குகள். 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புச் சட்டப்படி, பிறர் காணியைத் தன்னுடையது போலப் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். எங்கள் கூரையில் இருக்கும் கூட்டம் அந்தக் கெடுவை எப்போதோ தாண்டிவிட்டது. நல்லவேளை, போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் விசேட ஏற்பாடு ஒன்று கொண்டுவந்தார்கள். குரங்கு வழக்குப் போட்டால் அதைத்தான் காட்டவேண்டும். 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு அடிபட்டபோது, எங்கள் குடும்பத்தில் மிச்சமிருப்பவர்களும் வெளிநாடு போகப்போகிறார்கள் என்று நினைத்தேன். அதுவும் சரிவரவில்லை. 2025 பங்குனி 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, தோட்டத்து விலங்குகளை ஐந்து நிமிடம் எண்ணும்படி நாடு முழுவதற்கும் சொன்னார்கள். பேனையும் தாளுமாக முற்றத்தில் நின்றேன். ஒன்றுகூட வரவில்லை. 8.06க்கு முழுக்கூட்டமும் வந்து மாமரத்தில் ஏறியது. அரசாங்கக் கணக்கில் எங்கள் வளவில் குரங்கே இல்லை.

இனி உறுதி. தாத்தா காலத்து உறுதியில் கிழக்கெல்லை ஒரு நாவல் மரம். அந்த மரம் 1964 மார்கழிப் புயலில் விழுந்துவிட்டது. மேற்கெல்லை ஒரு மனிதரின் காணி, அவரும் இப்போது இல்லை. சேவையர் வந்து, மரம் நின்ற இடத்தைக் காட்டச் சொன்னார். நான் ஓரிடத்தைக் காட்டினேன், அயலவர் வேறோரிடத்தைக் காட்டினார், இரண்டுக்கும் நடுவே இரண்டு பேர்ச் கிடந்தது. பிள்ளைகள் எல்லோருக்கும் பிரிபடாத பங்கு என்பதால் சிட்னியிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் அற்றோணித் தத்துவம் வரவேண்டும். தங்கச்சி அனுப்பிவிட்டாள். தம்பி, நல்ல விலை வரும்வரை கையெழுத்தில்லை என்கிறான். கையெழுத்து வரும்வரை விலை சொல்வதில்லை என்று தரகர் சொல்கிறார்.

சூரிய உதயத்தில் மயங்கிய ஒரு ஜேர்மன்காரர் அந்த இடத்திலேயே வாங்கத் தயாராக இருந்தார். 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி வெளிநாட்டவருக்குக் காணி எழுதமுடியாது என்று சொல்லி, இளநீர் கொடுத்து அனுப்பினோம்.

பிறகு கண்டியிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்தார். அவர்தான் உண்மையான ரசிகர். காற்றை மூச்சு நிறைய இழுத்தார். தாங்கிமேல் ஏறிக் கடலைப் பார்த்தார், புறாமலையைப் படம் எடுத்தார். குரங்கு அவருடைய தொப்பியைப் பறித்தபோதுகூடப் பிள்ளைகளோடு சேர்ந்து சிரித்தார். எல்லாம் பிடித்திருக்கிறது என்றார். நான் மனதுக்குள் பேர்ச் கணக்கை விலையால் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

"ஒரு சின்ன விசயம்" என்றார். "இந்த வீட்டை இடிக்கிற செலவை விலையில கழிப்பீங்களா?"

இரவு தங்கச்சியிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அப்ப வீட்டை நாங்களே வச்சிருப்பம். கடல், மலை, காத்து, குரங்கு எல்லாத்தையும் அவருக்கு எழுதிக் குடுங்கோ அண்ணன்" என்றாள்.

மறுநாள் நொத்தாரிசிடம் விசாரித்தேன். 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டப்படி காணி உறுதிக்கு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இருந்தால் போதும், ஆனால் கடலை எழுதுவதென்றால் எல்லை காட்ட ஆள் வேண்டும் என்றார்.