மிசோ கோழி சுடுவது எப்படி: கை சும்மா இராதவர்களுக்கு ஒரு கையேடு

டோக்கியோவில், நிஷி கசாய் ரயில் நிலையத்தில் இறங்கினால் நம் ஊர்ச் சாப்பாட்டுக்குப் பஞ்சமில்லை. 2000-ஐ ஒட்டி கம்ப்யூட்டர்காரர்கள் வந்து குவிய ஆரம்பித்ததிலிருந்து அந்த வட்டாரத்தில் துவரம்பருப்பும் மசாலாப் பொடியும் கடை வைத்து விற்கிறார்கள். ஆகவே அங்கே குடியேறும் தமிழர், சாப்பாட்டு விஷயத்தில் ஜப்பானைச் சீண்டாமலே பல வருஷம் ஓட்டிவிடலாம். ஓட்டவும் செய்கிறார்கள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பளபளவென்று பழுப்பேறிய கோழித் துண்டின் மேல் யாரோ எள் தூவுவதைப் போனில் பார்த்துவிடுவார்கள். மிசோ கிளேஸ் ரோஸ்ட் சிக்கன், அரை மணி நேரம், ரொம்ப ஈஸி. சனி அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமையில் பிடிக்கும்.

ஈஸி என்று சொன்னதில் பொய் இல்லை. கூட்டிக் கழித்தால் உங்கள் கைக்கு வேலை பத்து நிமிஷம். மீதி நேரமெல்லாம் நீங்கள் சும்மா இருக்க வேண்டும். சித்தர்களுக்கே கஷ்டமான காரியம் அது. தாளிப்பது, வதக்குவது, கிளறுவது, மூடியைத் திறந்து ஆவியில் முகம் காட்டுவது என்று வளர்ந்த நமக்குச் சொல்லவே வேண்டாம்.

முதல் வேலை, நான்கு நண்பர்களைச் சாப்பிட அழைப்பது. மிசோ வாங்குவதற்கு முன்பே அழைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் மனம் மாறிப் பிரியாணி செய்துவிடுவீர்கள். அழைக்கும்போது "ஜப்பானிய முறையில் கோழி" என்று மட்டும் சொல்லுங்கள். "கூட ரசம் இருக்கா?" என்று கேட்பவர் ஒருவர் எப்படியும் இருப்பார். அவருக்காக ரசம் வைத்துவிடுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

அடுத்து மிசோ. சூப்பர் மார்க்கெட்டில் அதற்கென்று ஒரு முழு அலமாரி இருக்கும். வெளிர் மஞ்சளில் தொடங்கிக் கறுப்பு வரை டப்பா டப்பாவாக நிற்கும். இங்கேதான் பாதிப் பேர் எதையோ எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறார்கள். நின்று பாருங்கள். வேகவைத்த அரிசியிலோ பார்லியிலோ கோஜி என்ற பூஞ்சையை வளர்த்து, அதை வெந்த சோயாவோடும் உப்போடும் பிசைந்து மாதக்கணக்கில் மூடிவைத்தால் மிசோ. இந்தப் பூஞ்சையை ஜப்பானிய மதுவடிப்பு அறிவியல் சங்கம் 2006-இல் தேசியப் பூஞ்சையாகவே அறிவித்துவிட்டது. மயிலும் புலியும் வைத்திருக்கும் நாட்டிலிருந்து போயிருக்கும் நமக்குக் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் மயிலை வைத்து ஒரு நாட்டின் சமையலறை ஓடாது. சோயா சாஸ், சாகே என்ற அரிசி மது, மிரின் என்ற இனிப்புச் சமையல் மது, மிசோ எல்லாமே இந்தப் பூஞ்சையின் தயவு.

கியோட்டோ பக்கத்து வெள்ளை மிசோ இனிப்பானது, உப்பு ஏறத்தாழ 5 முதல் 7 சதவீதம். சிவப்பு மிசோவில் 12, 13 வரை போகும். கறுப்பாக, களிமண் உருண்டை மாதிரி கெட்டியாக இருப்பது ஹாட்சோ மிசோ. ஐச்சி மாகாணத்து ஒகாசாகிச் சரக்கு. அரிசி, பார்லி எதுவும் கிடையாது. சோயாவும் உப்பும் தண்ணீரும்தான். ஆறடி உயர மரத்தொட்டியில் அதை நிரப்பி, மேலே ஏறத்தாழ மூன்று டன் ஆற்றுக் கற்களைக் கூம்பாக அடுக்கி, இரண்டு கோடை இரண்டு குளிர்காலம் விட்டுவிடுகிறார்கள். அரை மணி நேர ரெசிபி என்று உங்களிடம் சொன்னவர் இந்தக் கணக்கைச் சேர்க்கவில்லை.

விருந்தில் பேச விஷயம் வேண்டும் என்றால் இதையும் வைத்துக்கொள்ளுங்கள். 2017 டிசம்பரில் ஹாட்சோ மிசோவுக்கு ஜப்பானிய வேளாண் அமைச்சகம் புவிசார் குறியீடு கொடுத்தது. கொடுத்தது மாகாணத்து மிசோக்காரர்கள் சங்கத்துக்கு. ஒகாசாகியில் நூற்றாண்டுகளாக அதையே செய்துவரும் இரண்டு பழைய நிறுவனங்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. கல் அடுக்கியவன் ஒருவன், முத்திரை வாங்கியவன் இன்னொருவன். இந்தக் கதை புரிய நமக்கு ஜப்பானிய மொழி தேவையில்லை.

இத்தனையும் தெரிந்துகொண்ட பிறகு, நாகானோ பக்கத்து வெளிர் பழுப்பு மிசோவை எடுங்கள். உப்பு 12 சதவீதம் அளவில் இருக்கும், எல்லாக் கடையிலும் கிடைக்கும், கோழிக்கு ஒத்துப்போகும். ஹாட்சோ இந்த வேலைக்கு முரடு.

பக்கத்து அலமாரியில் மிரின். அசல் மிரினில் 14 சதவீதம் அளவுக்கு ஆல்கஹால் உண்டு, சட்டப்படி அது மதுவகை. அதே மாதிரி பாட்டிலில், அதே நிறத்தில், பாதி விலைக்கு நிற்பது சர்க்கரைப்பாகுக் கலவை. அதிலும் வேலை நடக்கும். சமையல் சாகே என்று விற்பதில் மட்டும் ஜாக்கிரதை. மதுவரி வராமலிருக்க அதைக் குடிக்க முடியாதபடி உப்புப் போட்டு வைத்திருப்பார்கள். மிசோ உப்பு, சாகேயும் உப்பு, பழக்க தோஷத்தில் நீங்களும் ஒரு கை போட்டால் கோழி கருவாடாகிவிடும். மது வேண்டாம் என்பவர்கள் மிரினுக்கும் சாகேவுக்கும் பதில் சர்க்கரையும் தண்ணீரும் விட்டுக்கொள்ளலாம். ஆனால் பல மிசோ டப்பாக்களிலேயே மேலும் புளிக்காமலிருக்கக் கொஞ்சம் ஆல்கஹால் சேர்த்திருப்பார்கள், லேபிளைப் பார்த்து வாங்குங்கள்.

கோழிக்கு இந்தியக் கடைக்குப் போகாதீர்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் குழம்புக்காகத் தோலுரித்து நறுக்கி உறையவைத்த கோழி. நமக்கு வேண்டியது தோல். ஊர்க் கறிக்கடையில் "தோலோடவா, உரிச்சா?" என்று கேட்டால் யோசிக்காமல் உரிக்கச் சொல்லிப் பழகிய வாய் இது. இங்கே அந்தத் தோல்தான் மொறுமொறுப்பு, அதுதான் மிசோ பிடித்துக்கொள்ளும் இடம். ஜப்பானிய சூப்பர் மார்க்கெட்டில் எலும்பெடுத்த தொடைக்கறி தோலோடு தட்டில் கிடைக்கும், ஒன்று 250 முதல் 300 கிராம். இரண்டு எடுத்தால் 600 கிராம் வரை வரும். நான்கு நண்பர்களுக்கு நாலு துண்டாவது வாங்குங்கள், இரண்டு துண்டுக்கு நான் சொல்லும் அளவுகளை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள். முழுக்கோழி கேட்டு அலையாதீர்கள். அது டிசம்பர் மாதச் சரக்கு. 1974-இல் ஒரு பொரித்த கோழி நிறுவனம் நாடு முழுக்க விளம்பரம் செய்து, கிறிஸ்துமஸ் என்றால் கோழி என்று ஜப்பானியர்களை நம்பவைத்தது. மற்ற மாதங்களில் முழுக்கோழி கேட்டால் கடைக்காரர் மரியாதையாகக் குனிவார், கோழி வராது.

வீட்டுக்கு வந்ததும் கோழியை அலசாதீர்கள். இதை எழுதும்போதே எதிர்ப்பு கேட்கிறது. வீடியோ காலில் அம்மா இருப்பார்.

"டேய் கண்ணு, மஞ்சப்பொடி போட்டு நாலு தண்ணி அலசுனியா?"

"அலசக் கூடாதாம்மா."

"யார்றா சொன்னா?"

யார் சொன்னது என்றால், உணவுப் பாதுகாப்புத் துறைகள் சொல்கின்றன. குழாயடியில் தெறிக்கும் தண்ணீரில்தான் கோழியின் கிருமி சிங்க் முழுக்கப் பரவுகிறது. ஜப்பானில் பாக்டீரியாவால் வரும் உணவு நச்சுச் சம்பவங்களில் முன்வரிசையில் இருப்பது கோழியில் வரும் கேம்பிலோபாக்டர். அதைக் கொல்வது சூடு, தண்ணீர் அல்ல. காகிதத் துண்டால் ஒற்றி ஈரம் எடுத்தால் போதும். அம்மாவிடம் அலசியாயிற்று என்று சொல்லிவிடுங்கள். இந்தக் கையேடு சிபாரிசு செய்யும் ஒரே பொய் அது.

மசாலா என்று சொல்ல முடியாத அந்தப் பூச்சு: மிசோ மூன்று மேசைக்கரண்டி, மிரின் இரண்டு, சாகே ஒன்று, சர்க்கரை ஒன்று, துருவிய இஞ்சி கொஞ்சம். கலந்தாயிற்றா, வாயில் வைத்துப் பாருங்கள். உப்பும் இனிப்பும் புளிப்புமாக, கொஞ்சம் அரைகுறையாகத் தோன்றும். இப்போது உங்கள் வலது கை தானாக அஞ்சறைப் பெட்டிப் பக்கம் போகும். அரை ஸ்பூன் மிளகாய்த்தூள் போட்டால் என்ன? போடலாம். அப்புறம் மிளகாய்த்தூளுக்குத் துணையாக மல்லித்தூள், அதற்குத் துணையாகப் பூண்டு விழுது, கடைசியில் வாசனைக்குக் கறிவேப்பிலை. நல்ல கோழி வறுவல் கிடைக்கும், சந்தேகமே இல்லை. மிசோவைத்தான் தேட வேண்டியிருக்கும். காரம் இல்லாமல் இறங்காது என்பவர்கள், சுட்ட பிறகு தட்டில் ஷிச்சிமி என்ற ஜப்பானிய மிளகாய்ப்பொடிக் கலவையைத் தூவிக்கொள்ளலாம். உப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். மூன்று கரண்டி என்றால் 54 கிராம் மிசோ, அதில் ஆறு கிராமுக்கு மேல் உப்பு ஏற்கெனவே இருக்கிறது.

விருந்தாளிகளில் ஒருவர் "இதில் அஜினோமோட்டோ இல்லையே?" என்று விசாரிப்பார். ஃபிரைடு ரைஸ் கடையில் அதைக் கேட்டு வாக்குவாதம் செய்பவர். 1908-இல் கிகுனாயே இகேடா என்ற டோக்கியோப் பேராசிரியர் கொம்பு என்ற கடற்பாசியைக் காய்ச்சி, அதன் ருசிக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டுபிடித்தார். அதையே அடுத்த வருஷம் பொடியாக்கி விற்றதுதான் அஜினோமோட்டோ. சோயாவின் புரதத்தைக் கோஜி உடைக்கும்போது அதே குளுட்டமேட் மிசோவில் தாராளமாக உருவாகிறது. அந்த விருந்தாளி இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிடட்டும், பிறகு சொல்லுங்கள்.

பூச்சில் பாதியைத் தனியே எடுத்து வையுங்கள். பச்சைக் கோழியில் பட்ட கரண்டி அதில் படக் கூடாது. மீதியைக் கறியில் தடவி, ஒரு பையில் போட்டுக் குளிர்பெட்டியில் நான்கைந்து மணி நேரம் விடுங்கள். நடுவில் எடுத்துப் பிசைய வேண்டாம். அது பாட்டுக்கு இருக்கட்டும்.

சுடும் முன், தடவிய மிசோவை வழித்துத் துடைத்துவிட வேண்டும். உயிரே போகிற மாதிரி இருக்கும், தெரிகிறது. காரணம் இருக்கிறது. கோஜி புரதத்தை அமினோ அமிலமாகவும் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் உடைத்து வைத்திருக்கிறது. இந்த இரண்டும் சூட்டில் சேர்ந்தால் பழுப்பேறும் என்று 1912-இல் மயார் என்ற பிரெஞ்சுக்காரர் விளக்கினார்; கறி பொன்னிறமாகச் சிவந்து மணப்பது அதனால்தான். மிசோவில் இரண்டும் தயாராக இருப்பதால் சிவப்பதும் வேகம், கருகுவதும் வேகம். மேலே சர்க்கரையும் மிரினும் வேறு. ஆரம்பத்திலேயே பூசி உள்ளே வைத்தால், உள்ளே கறி பச்சையாக இருக்கும்போதே மேலே தார் போட்டிருக்கும். டோக்கியோவில் வீட்டுச் சமையலறைகளிலும் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம். பல வீடுகளில் அது ஒரு பெண் குரலில், பதறாமல், திரும்பத் திரும்பத் தீ என்று அறிவிக்கும். நண்பர்கள் உள்ளே நுழையும் நேரத்தில் வேண்டாத வரவேற்பு.

இப்போது ஓவன். முதலில் உங்கள் வீட்டில் இருப்பது ஓவன்தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். வாடகை வீட்டோடு வரும் பெட்டி பல சமயம் சூடுபண்ண மட்டும் தெரிந்த மைக்ரோவேவாக இருக்கும். ஓவனும் சேர்ந்த பெட்டி என்றால், முகப்பில் 250 டிகிரி என்று போட்டிருப்பதைக் கண்டு மயங்காதீர்கள். பெரும்பாலான பெட்டிகள் அந்தச் சூட்டில் ஐந்து நிமிஷம்தான் நிற்கும், பிறகு சத்தமில்லாமல் 200, 210-க்கு இறங்கிவிடும். நமக்கு 200 போதும், முன்கூட்டியே சூடேற்றிவிடுங்கள்.

அதற்கு முன் வீட்டின் மற்ற சாதனங்களோடு ஒரு சமாதானப் பேச்சு நடத்த வேண்டும். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். சிறு வீடுகளுக்கு 30 ஆம்பியர் இணைப்புத்தான் சாதாரணம். ஓவன் 1400 வாட் என்றால் அது ஒன்றே 14 ஆம்பியர் குடிக்கும். ரைஸ் குக்கர் 12. குளிருக்கு ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்தால், அப்போது பார்த்து ரசத்துக்கு வெந்நீர் வேண்டும் என்று யாராவது கெட்டிலைத் தட்டினால், வீடே இருட்டாகும். சோற்றை முன்பே வடித்துவிடுங்கள்.

தோல் மேலே இருக்கும்படி வைத்து 20 நிமிஷம். கதவைத் திறக்கக் கூடாது. அந்தச் சின்னப் பெட்டியில் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு பாதி வெளியே ஓடிவிடும். கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், அதற்குத்தான் கண்ணாடி. இந்த 20 நிமிஷம்தான் முழுப் பரீட்சை. உட்கார முடியாவிட்டால் பாத்திரம் கழுவுங்கள். பிறகு எடுத்து, தனியே வைத்த பூச்சைத் தோல்மேல் தடவி, இன்னும் ஐந்திலிருந்து எட்டு நிமிஷம். இப்போது மட்டும் நகரக் கூடாது. ஆறாவது நிமிஷத்தில் பழுப்பாக இருப்பது எட்டாவதில் கறுப்பாகிவிடும். கறியின் நடுவில் 75 டிகிரி ஒரு நிமிஷம் நின்றிருக்க வேண்டும் என்பது ஜப்பானிய சுகாதாரத் துறையின் வழிகாட்டுதல். இறைச்சி வெப்பமானி வாங்கிக்கொள்ளுங்கள். விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லும் பாட்டிகள் அந்த ஊரில் கிடைக்க மாட்டார்கள்.

வெளியே எடுத்ததும் ஐந்து நிமிஷம் ஆறவிட்டு நறுக்குங்கள். உடனே நறுக்கினால் சாறு பலகைக்குப் போய்விடும். எள், வெங்காயத்தாள், பக்கத்தில் சோறு. நண்பர்கள் ஒரு வாய் எடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அந்த "தான்" உங்களைப் புண்படுத்த வேண்டாம். காரமில்லாத கோழிக்குத் தமிழன் தரும் உச்சபட்ச விருது அது.

கடைசியாக, மீந்த மிசோ. 750 கிராம் டப்பாவில் 100 கிராம் அளவுக்குத்தான் செலவாகியிருக்கும். குளிர்பெட்டியில் மாதக்கணக்கில் கெடாது, உறைபெட்டியில் வைத்தாலும் உப்பின் தயவால் கல்லாக உறையாது. ஊறுகாய் ஜாடிக்கு உங்கள் வீட்டில் என்ன சட்டமோ அதேதான் இதற்கும்: தயவுசெய்து ஈரக் கரண்டியை உள்ளே விடாதீர்கள்.