தாயம் விழாமை: வளவு சார்ந்த ஓர் ஆய்வு

தாயக்கட்ட ஆட்டத்தில் தாயம் எனப்படும் ஒன்று விழுந்தாலன்றி எந்தக் காயும் கட்டத்தில் இறங்காது. காய் இறங்கிய பின் நிகழும் வெட்டு, வெட்டுப்படாத கட்டமாகிய மலையில் ஏறி ஒதுங்குதல், உட்சுற்றில் நுழைந்து பழமாதல் ஆகியவற்றை விளக்கிச் சொல்ல ஊருக்கு ஊர் ஆச்சிமார் பலர் இருக்க, காய் இறங்காமலேயே பிற்பகல் முழுவதையும் கழிக்கும் ஆட்டக்காரரின் நிலை மட்டும் ஆய்வாளர் கண்ணில் படாமல் கிடக்கிறது. அந்நிலையே இங்குத் தாயம் விழாமை எனப்படுகிறது. காரைக்குடியிலிருந்து மதுரைக்குச் செல்லும் சாலையில் உள்ள மானகிரியும் அதனைச் சூழ்ந்த செட்டிநாட்டு ஊர்களும் இதற்குக் களமாகக் கொள்ளப்பட்டன. ஏனெனில் முகப்பைக் கடந்ததும் நடுவே வானம் பார்த்த முற்றமும் சுற்றிலும் தூண்களும் தாழ்வாரமுமாக விரியும் வளவு என்னும் வீட்டுப்பகுதி, நான்கு பேர் காலை நீட்டி உட்காரவும், ஐந்தாமவர் பின்னால் நின்று குறை சொல்லவும் போதிய இடம் தருவதாகும். ஆய்வுக்குரிய நேரம், பகல் சாப்பாட்டுக்குப் பின் இலை எடுத்தது முதல் மாலைக் காப்பி வரை.

முதலில் கருவியைக் கவனிக்க வேண்டும். தாயக்கட்டை என்பது ஏறக்குறைய விரல் நீளமுள்ள பித்தளைக் கட்டை. அதன் நீளவாட்டில் நான்கு முகங்கள் உண்டு. மூன்று முகங்களில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள் குழித்திருக்க, நான்காவது முகம் வெறுமையாக விடப்பட்டிருக்கும். இத்தகைய கட்டைகள் இரண்டைச் சேர்த்து உருட்டினால் அவை 16 வகையாக விழக்கூடும். அவற்றுள் ஒன்றில் ஒற்றைப் புள்ளியும் மற்றதில் வெறுமையும் அமைவது 2 வகை மட்டுமே ஆதலால், எட்டு உருட்டலுக்கு ஒரு தாயம் என்பதே கணக்கு. யாருக்கும் வேண்டாத மூன்றோ 4 வகையாக விழும். இரண்டு கட்டைகளும் வெறுமை காட்டினால் அது பன்னிரண்டு என்று எண்ணப்படுகிறது; ஒன்றுமில்லாமைக்கு இருப்பதிலேயே உயர்ந்த மதிப்பை அளிக்கும் இவ்விதி, வட்டிக்கணக்கில் பைசா பிசகாத ஒரு சமூகத்தின் நடுவீட்டில் எவ்வாறு நிலைபெற்றது என்பது தனி நூலுக்குரிய பொருள்.

எட்டுக்கு ஒன்று என்பதனால் எட்டாவது உருட்டலில் தாயம் வந்தே தீரும் என்று கருதுவது வளவுகளில் பரவலாகக் காணப்படும் பிழையாகும். இருபது முறை உருட்டியும் தாயம் காணாதவர் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பேர் இருப்பர். நால்வர் ஆடும் ஆட்டத்தில் ஆளுக்கு இருபது உருட்டல் முடிந்த நிலையில், அவர்களுள் ஒருவரேனும் வெறுங்கட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றை நெருங்குகிறது. அந்த ஒருவர் ஒவ்வொரு முறையும் அதே ஒருவராக இருப்பது ஏன் என்பதற்குக் கணக்கியல் இதுவரை விடை கூறவில்லை.

இத்துடன் வீட்டுக்கு வீடு மாறும் ஒரு விதியையும் சேர்த்து நோக்க வேண்டியுள்ளது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு ஆகியவை விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்பது பொது வழக்கு. ஆனால் காய் இறங்காதவருக்கும் ஐந்து, ஆறு, பன்னிரண்டால் இச்சலுகை உண்டா என்பதில் கருத்து வேறுபாடு உள்ளது. சலுகை இல்லையெனில் ஒரு முறைக்குத் தாயம் விழும் வாய்ப்பு எட்டில் ஒன்றாகவே நிற்கும். உண்டெனில் அது ஆறில் ஒன்றாக உயரும். பத்து முறை காத்திருந்தும் இறங்காதவர் முதல் வகை வீட்டில் நூற்றுக்கு 26 பேர், இரண்டாம் வகை வீட்டில் 16 பேர். ஆண்மக்கள் மூன்றாண்டுத் தவணையில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொழும்புக்கும் கடை பார்க்கச் சென்றிருந்த காலத்தில் பிற்பகலுக்குப் பஞ்சமில்லை ஆதலால் அன்று கடுமையான விதி பொருந்தியிருக்கும் எனவும், கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் பூட்டுத் திறக்கும் இன்றைய வீடுகளில் இளகிய விதியே ஏற்றது எனவும் கருத இடமுண்டு.

பித்தளைக்கு மாறாகப் புளியங்கொட்டையைக் கொண்டு ஆடும் வழக்கமும் ஆராயத்தக்கது. கொட்டையின் ஒரு பக்கத்தைக் கருங்கல்லில் வெள்ளை தெரியும்வரை தேய்த்து, அவ்வாறான நான்கைக் கையில் குலுக்கிப் போட்டால், ஒன்று மட்டும் வெள்ளை காட்டுவது தாயமாகும். இரண்டு பக்கமும் ஒப்ப விழுவதாகக் கொண்டால், 16 வகையில் 4 வகை தாயம்; அதாவது நான்குக்கு ஒன்று. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் பித்தளைக் கட்டைகளை விலை பேசி வாங்கிச் செல்லும் வெளியூரார், குழம்புக்குக் கரைத்தபின் எறியும் கொட்டை தருவதில் பாதித் தாயத்தையே அவை தரும் என்பதை அறிந்து வாங்குவதாகத் தெரியவில்லை.

வரலாற்றுச் சான்றுகள் இப்பொருளில் கைகொடுப்பதில்லை. மானகிரி இருக்கும் அதே சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த கீழடியில் தந்தப் பகடையும் சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்துள்ளன. ஆயினும் அவற்றை உருட்டி உருட்டி ஓய்ந்தவர் எவர் என்பதற்கு எந்தக் குழியிலும் தடயமில்லை. சூது என்னும் 94ஆம் அதிகாரத்தில் திருவள்ளுவர் தோற்றவரையும் வென்றவரையும் ஒருசேரக் கண்டித்தாரேயன்றி, ஆட்டத்திற்குள்ளேயே வராதவரைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி ஆராய்ந்தது, பாதியில் நின்ற ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு பங்கிடுவது என்னும் சிக்கலை. வளவில் பணம் வைத்து ஆடுவதில்லை எனினும், நின்ற இடத்திலிருந்தே நாளை தொடர வேண்டும் என்று மூன்று பழம் வைத்திருப்பவரும், அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்று தாயம் விழாதவரும் வாதிடும்போது நடுவில் உட்கார்ந்திருக்கும் வாய்ப்பு பாஸ்கலுக்கும் ஃபெர்மாவுக்கும் கிட்டவில்லை.

தாயம் விழாமைக்குரிய காரணங்களைப் பொறுத்தவரை, கைராசியே காரணம் என்பார் ஒரு சாரார். இவர்கள் கட்டையை அடுத்தவர் கையில் கொடுத்து உருட்டச் சொல்வர்; தாயம் விழுந்தால் அது உருட்டியவருடையதா, உட்கார்ந்திருப்பவருடையதா என்னும் புதிய வழக்கு தொடங்கும் என்பதால் இக்கொள்கை மேற்கொண்டு வளரவில்லை. ஆய்வுக்கு வலுச்சேர்ப்பது தரையைக் காரணம் காட்டும் தரப்பே. ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரத் தளம், நெடுங்காலக் கால்தேய்ப்பால் கண்ணாடிபோல் வழுவழுப்பாகிவிட்ட நிலையில், தாழ்வாக விடப்படும் கட்டை அதில் உருளாமல் வழுக்கிச் சென்று, கையிலிருந்த முகத்தையே காட்டி நிற்கிறது. முற்றத்தின் கருங்கல்லிலோ அது புரண்டு புரண்டு, சாக்குக்கட்டியால் போட்ட கோட்டையும் தாண்டி ஓடும். இதனை உணர்ந்த அனுபவசாலிகள், இரண்டு கட்டைகளையும் உள்ளங்கைகளுக்கு நடுவே ஓசை எழத் தேய்த்துவிட்டு, கடைசிக் கணத்தில் ஓசை அடங்க, பெருவிரல் வெறுமுகத்தின்மேல் படிய, தரைக்கு நாலு விரற்கடை உயரத்தில் விடுவர். இச்செயல் உருட்டல் அன்று, வைத்தல் என்பது எதிர்த்தரப்பின் வாதம். வயதில் மூத்தவரைக் கள்ளாட்டம் என்று சொல்ல இயலாமையால், "உருட்டுங்க ஆச்சி, வைக்காதீங்க" என்னும் அளவோடு கண்டனம் நிறுத்தப்படுகிறது. ஆச்சி உடனே கட்டையை எடுத்து, தூண்வரை ஓடும்படி வீசி உருட்டுவார். விழுவது மூன்றாக இருக்கும்.

தூணில் சாய்ந்து நிற்கும் கட்டை செல்லாது என்பதில் மட்டும் எல்லாத் தரப்பும் ஒன்றுபட்டுள்ளன. ஒரு கட்டை மற்றொன்றின்மேல் ஏறிக்கொண்டால் மறு உருட்டல் என்பதும் பெரும்பான்மைத் தீர்ப்பே. ஆனால் ஏறிக்கிடக்கும் கட்டை தாயத்தைக் காட்டும்போது இத்தீர்ப்பு வலுவிழந்துவிடுவதை ஆய்வாளர் கருத்திற்கொள்ள வேண்டும்.

எஞ்சி நிற்பது ஒப்புக்குச் சப்பாணி பற்றிய சிக்கல். ஆட்டத்தில் சேர்த்ததாகப் பாவனை செய்து, கணக்கில் சேர்க்காமல் உட்காரவைக்கப்படும் சிறுபிள்ளை இப்பெயர் பெறும். அழுகையை நிறுத்துவதற்காக ஒரே ஒரு முறை அதன் கையில் கட்டை கொடுக்கப்படுகிறது. இரண்டு கையாலும் அள்ளி எறியும் அப்பிள்ளைக்கு முதல் எறியிலேயே தாயம் விழுந்துவிட்டால், அதுவரை இறங்காதிருக்கும் பெரியவர், பிள்ளை தன் மடியில் உட்கார்ந்துதான் எறிந்தது ஆதலால் அத்தாயம் தன் கணக்கில் வரவேண்டும் என்று வாதிட்டு, அத்தாட்சியாகப் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்கிறார். மற்ற மூவரும் ஒருமித்து மறுக்கின்றனர். பிள்ளை அதற்குள் ஒரு காயை வாயில் போட்டுவிடுவதால் விசாரணை அத்துடன் ஒத்திவைக்கப்படுகிறது.