விண்ணப்பிக்காத வீரர்கள்

பெயர் வைப்பதில் எங்கள் அந்தமானை அடித்துக்கொள்ள இந்தியாவில் வேறு ஊர் கிடையாது. 2018 டிசம்பர் 30-ந் தேதி ஒரே நாளில் மூன்று தீவுகளுக்குப் பெயர் மாறியது. ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவானது, நீல் ஷஹீத் தீவானது, ராஸ் நேதாஜி தீவானது. 2023 ஜனவரியில் பெயரில்லாமல் கிடந்த 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்ரா பெற்றவர்களின் பெயர் கிடைத்தது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜய புரம் ஆகிவிட்டது. எங்கள் புரோத்ராபூரில் பஸ் ஏறும் கிழவிகளுக்கு அது இன்றும் ‘பஜார்’தான், அது வேறு கதை. போர்முனையில் நின்றவனுக்கு ஒரு தீவு கொடுத்ததில் எனக்கு ஒரு குறையும் இல்லை. குறைந்தபட்சக் கூலி அது. என் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில்.

அந்தமான் நிக்கோபாரில் பாறை, திட்டு எல்லாம் சேர்த்து 836 என்பது அரசுக் கணக்கு. அதில் ஒரு பாறைக்காவது சைக்கிள் மிதித்த ஒருத்தியின் பெயரை வைத்து நான் பார்த்ததில்லை.

சைக்கிள் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். 2004 டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை இங்கே அடித்தபோது ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி மரத்தைப் பிடித்துக்கொண்டு நாட்கணக்கில் கிடந்து உயிர் பிழைத்தாள். டெபோரா ஹெரால்டு. அதே பெண் 2015-ல் 500 மீட்டர் டைம் டிரயல் சைக்கிள் பந்தயத்தில் உலகத் தரவரிசையில் நான்காவது இடத்துக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவன் ஈசோ ஆல்பன், நிக்கோபாரிப் பையன். 2018-ல் சுவிட்சர்லாந்தின் ஐகிள் நகரில் ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்றான். தங்கம் மயிரிழையில் போயிற்று. அடுத்த வருஷம் ஜெர்மனியில் அணிப் பந்தயத்தில் அந்தத் தங்கத்தையும் கொண்டுவந்துவிட்டான். இந்தியாவின் ட்ராக் சைக்கிளுக்கு உலக மேடையில் வாசல் திறந்தவர்கள் வங்கக் கடலின் நடுவே கிடக்கும் நாங்கள். இதைச் சொன்னால் மெயின்லேண்டிலிருந்து வரும் விருந்தாளிகள், “அப்படியா, ஸ்கூபா டைவிங் எங்கே நல்லா இருக்கும்?” என்கிறார்கள்.

விருந்தாளியை விடுங்கள். உள்ளூரில் மட்டும் என்ன வாழ்ந்தது? புரோத்ராபூர் ஜெயில் மதிலுக்குச் சற்றுத் தள்ளி நான் வழக்கமாக நிற்கும் டீக்கடை ஒன்று உண்டு. அங்கே மஞ்சள் பனியன், முதுகில் ஏழாம் எண் போட்ட பையனிடம் வாய் கொடுத்தேன்.

“தம்பி, டெபோரா ஹெரால்டு தெரியுமா?”

“யாருண்ணே, சர்ச் டீச்சரா?”

“சரி, டேவிட் பெக்காம்?”

முகம் மலர்ந்துவிட்டது. “என்னண்ணே இப்படிக் கேட்டுட்டீங்க! மான்செஸ்டர் யுனைடெட்!”

“அவர் இல்லடா. நம்ம கார் நிக்கோபார் டேவிட் பெக்காம். சைக்கிள் ஓட்டுறவன். 2022-ல் பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டிக்கே போனவன்.”

“சும்மா கலாய்க்காதீங்கண்ணே” என்று போனை எடுத்துக்கொண்டான்.

அவனை அறையத் தோன்றியது. அறைந்தால் என் கன்னத்திலும் ஒன்று விழ வேண்டும். அந்தப் பெயர்களை ஒழுங்காக நானும் சென்ற வருஷம்தான் தேடிப் படித்தேன். தோனி எப்போது முடி வளர்த்தார், எப்போது வெட்டினார் என்பது மட்டும் யாரும் சொல்லித்தராமலே தெரிந்திருந்தது.

இந்த மறதிக்கு மருந்தாக அமெரிக்காவில் பேஸ்பால் அணிகள் தங்களுக்கென்று புகழ் மண்டபம் வைத்துக்கொள்கின்றன. செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணி 2014-லிருந்து ரசிகர்களையே ஓட்டுப் போடச் சொல்லி ஆட்டக்காரர்களை உள்ளே சேர்க்கிறது. தேசியப் புகழ் மண்டபத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவன், ஊருக்கு மட்டும் உயிரானவன், அவனுக்கு இங்கே ஒரு நாற்காலி. கேட்கும்போது நெஞ்சு குளிர்கிறது. உடனே மெய்சிலிர்த்துவிட வேண்டாம், ரசிகனின் கையில் ஓட்டைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் அங்கேயே கதை இருக்கிறது. 1957-ல் பேஸ்பால் நட்சத்திரங்களின் ஆல் ஸ்டார் ஆட்டத்துக்கு ரசிகர்கள் ஆள் பொறுக்கினார்கள். சின்சினாட்டிப் பத்திரிகை ஒன்று முன்கூட்டியே குத்திய ஓட்டுச் சீட்டுகளை அச்சடித்துக் கொடுத்தது. எண்ணிப் பார்த்தால் எட்டு இடத்தில் ஏழு சின்சினாட்டிக்கு! பேஸ்பால் கமிஷனர் தலையிட்டு இரண்டு பேரை நீக்கி, வில்லி மேஸையும் ஹாங்க் ஆரனையும் உள்ளே கொண்டுவந்தார். ரசிகர்களின் ஓட்டுரிமை பறிபோனது, திரும்பக் கிடைக்க 1970 ஆயிற்று. கள்ள ஓட்டு நம் கண்டுபிடிப்பு என்று இத்தனை நாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பெரியவர்கள் கமிட்டி போட்டால் மட்டும் ஒழுங்கா? கறுப்பர்களின் லீகைச் சேர்ந்த மறக்கப்பட்டவர்களைச் சேர்க்க 2006-ல் தேசிய மண்டபம் ஒரு கமிட்டி போட்டது. 17 பேர் தேர்வானார்கள். அந்த லீகின் கதையை ஊர் ஊராகச் சொல்லி அதற்கு உயிர் கொடுத்த கிழவர் பக் ஓ’நீல் மட்டும் வெளியே. அவருக்கு வயது 94. செத்துப்போன அந்த 17 பேருக்காக விழா மேடையில் அவரே போய்ப் பேசினார், பாடினார், அதே வருஷம் அக்டோபரில் இறந்தார். 2022-ல் மண்டபம் அவரை உள்ளே அழைத்தது. இறந்தவருக்கு வாழையிலை போட்டுப் பாயசம் பரிமாறிய மாதிரி.

நம் ஊருக்கு வருவோம். இங்கே மண்டபம் உண்டு, அதற்கு மைதானம் என்று பெயர். சேப்பாக்கம் ஸ்டேடியம் எம்.ஏ. சிதம்பரம் பெயரில்: தொழிலதிபர், கிரிக்கெட் வாரியத் தலைவர். பெங்களூரில் சின்னசாமி: வாரியத் தலைவர். மும்பையில் வான்கடே: அரசியல்வாதி, அவரும் வாரியத் தலைவர். மொட்டேராவுக்கு 2021-ல் யார் பெயர் வைத்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் சேப்பாக்கத்தில் கலைஞர் கருணாநிதி பெயரில் ஒரு மாடம் திறந்தார்கள். 2025 மே மாதம் வான்கடேயில் ரோகித் சர்மா, அஜித் வடேகர் பெயரில் மாடங்கள். அதே நாளில் கூடவே சரத் பவாருக்கும் ஒன்று. இரண்டு பேர் மட்டை பிடித்து வாங்கிய மரியாதையை மூன்றாமவர் கோப்பு பிடித்து வாங்கினார். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பதை இவர்கள் கல்வெட்டாகவே அடித்துவிட்டார்கள்.

ஏ.ஜி. ராம் சிங் என்று ஒருவர் சென்னைக்கு ஆடினார். ரஞ்சியில் ஆயிரம் ரன்னும் நூறு விக்கெட்டும் சேர்த்து எடுத்த முதல் ஆள். மகன்கள் இரண்டு பேர் டெஸ்ட் ஆடினார்கள், அப்பாவுக்கு ஒரு டெஸ்ட் கூடக் கிடைக்கவில்லை. ராஜிந்தர் கோயல் ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட். டெஸ்ட் பூஜ்யம். இவர்களாவது வரிசையில் நின்று ஏமாந்தவர்கள். பல்வங்கர் பாலுவை வரிசைக்கே விடவில்லை. தலித். புனேயில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் ஆடுகளத்தைச் செம்மை பண்ணும் கூலியாள், வலையில் அவர்களுக்குப் பந்து போட்டுப் போட்டுத் தேறியவர். இந்துக்கள் அணியில் அவர் பந்து வேண்டும்; டீ மட்டும் பெவிலியனுக்கு வெளியே, தூக்கி எறியும் மண்குவளையில். 1911-ல் இங்கிலாந்துப் பயணத்தில் அந்தக் கை 114 விக்கெட் எடுத்தது. கேப்டன் பதவி மட்டும் கடைசிவரை கிடைக்கவில்லை, 1923-ல் தம்பி விட்டலுக்குக் கிடைத்தது. ஐசிசியின் புகழ் மண்டபத்தில் இன்று இந்தியர்கள் பலர் இருக்கிறார்கள். பாலு இல்லை. மண்குவளை இன்னும் வெளியேதான் கிடக்கிறது.

கால்பந்துக்காரரைக் கேட்டால் இன்னும் மோசம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் அடித்தது இந்தியக் கால்பந்தின் கடைசி ஒலிம்பிக் கோல். தமிழர். அதற்குப் பிறகு இந்தியா ஒலிம்பிக்கில் கால்பந்து ஆடவே இல்லை. அந்தக் காலைத் தேடிப்போய்க் கும்பிட்டிருக்க வேண்டாமா?

ஆனால் இந்த நாட்டில் கும்பிடு கிடைக்க முதலில் விண்ணப்பம் போட வேண்டும். தேசிய விளையாட்டு விருதுக்கு வீரரே இணையத்தில் படிவம் நிரப்பி, சான்றிதழ் ஏற்றி, ‘நான் பெரிய ஆள்’ என்று தன் கையாலேயே எழுதி அனுப்ப வேண்டும். பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு வெண்கலம் வாங்கி வந்த மனு பாகரின் பெயர் 2024 டிசம்பரில் கேல் ரத்னா பட்டியலில் இல்லை என்று செய்தி வந்தது. படிவம் வரவில்லை என்றார்கள். போட்டோம் என்றார் அப்பா. விண்ணப்பத்தில் என் பக்கம் தவறு நேர்ந்திருக்கலாம் என்று அந்தப் பெண்ணே எழுதினாள். நாடே கூச்சல் போட்ட பிறகு ஜனவரியில் விருது கிடைத்தது. இரண்டு பதக்கத்தை உலகமே டிவியில் பார்த்தது, அமைச்சகத்துக்கு மட்டும் அட்டெஸ்டட் காப்பி வேண்டியிருந்தது. கம்பிக் கூண்டுக்குப் பின்னால் இருப்பவன் ஜாமீனுக்கு மனுப் போடுவதைப் புரோத்ராபூரில் நாங்கள் தினமும் பார்க்கிறோம். ஜெயித்தவளும் மனுப் போட வேண்டும் என்பது டெல்லியின் கண்டுபிடிப்பு.

சாந்தி சௌந்தரராஜன் எந்தப் படிவத்தில் எதை எழுதுவார்? புதுக்கோட்டை கத்தக்குறிச்சிக்காரர். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பிடுங்கினார்கள். பிற்பாடு செங்கல் சூளையில் வேலை பார்த்த நாட்களும் உண்டு. ‘பெற்ற பதக்கங்கள்’ என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று எனக்கும் தெரியவில்லை.

சரி, விண்ணப்பத்தைக் கொளுத்திவிட்டு ரசிகர்களாகிய நம்மிடம் ஓட்டைக் கொடுக்கட்டும் என்பீர்கள். கொடுத்துப் பார்த்தும் இருக்கிறார்கள். 2020 ஜனவரியில் ‘வேர்ல்டு கேம்ஸ்’ ஆண்டின் சிறந்த வீரருக்கு இணைய ஓட்டு நடந்தது. ஹாக்கி ராணி ராம்பாலுக்கு 1,99,477 ஓட்டு, முதலிடம். நல்லது, நமக்கும் கண் இருக்கிறது என்று அன்று சந்தோஷப்பட்டேன். மறுநாள் நிதானமாக யோசித்தால், கிரிக்கெட்காரர் ஒருவரும் எதிரில் நிற்கவில்லை என்பது உறைத்தது. நின்றிருந்தால் ராணிக்கு டெபாசிட் கிடைத்திருக்குமா? மறந்துபோனவர்களுக்கு ஓட்டு வைத்தாலும் இதே கதைதான்: ராம் சிங்கா, யார் அவர், வட இந்தியரா என்று ஒரு கூட்டம். பாலுவின் பேச்சை எடுத்தால், விளையாட்டில் ஜாதியைக் கொண்டுவராதீர்கள் என்று இன்னொரு கூட்டம். அதுவும் தன் ஜாதிக் கட்சிக் கொடியை முகப்புப் படமாக வைத்துக்கொண்டு சொல்லும். மூன்றாவது கூட்டம் யாரையும் படிக்காமல் ‘தல’ என்று குத்திவிட்டுப் போகும். இப்படிப்பட்டவர்கள் உயிரோடு இருக்கும்போது நாம் ஓட்டுப் போடுவதில்லை, செத்த பிறகு சிலைக்குப் பால் ஊற்றுவோம்.

இவ்வளவு கோபத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. பழைய செய்தியிலிருந்து ஒரு படத்தைப் பிரிண்ட் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். ட்ராக்கில் சாய்ந்து மிதிக்கும் ஈசோ ஆல்பன், தலைக்கவசம், பல்லைக் கடித்த வாய்.

“அண்ணே, இதைச் சுவத்துல ஒட்டிக்கவா?” என்றேன்.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிப் பார்த்தார். “நம்ம பையனா? ஒட்டுங்க தம்பி, நல்லா ஒட்டுங்க” என்று பசைக்கு மைதா மாவு காய்ச்சி அவரே கொடுத்தார். பாய்லருக்குப் பக்கத்தில், ஆவி படாத இடமாகப் பார்த்து ஒட்டினேன். மஞ்சள் பனியன் பையன்கூட ஒரு நிமிஷம் நின்று பார்த்தான். “இவரா?” என்றான். கடைக்காரர் அன்றைக்கு டீக்குக் காசு வாங்கவில்லை.

அடுத்த முறை போகும்போது ஐபிஎல் தொடங்கிவிட்டது. சுவரில் புதுப் போஸ்டர், சாவி போட்டுப் பூட்டிய மாதிரி நான்கு மூலையிலும் பசை. “பசங்க ஒட்டிட்டாங்க தம்பி, மேட்ச் முடியட்டும்” என்றார் கடைக்காரர், என் முகத்தைப் பார்க்காமல். போஸ்டர் கொஞ்சம் குட்டை. அதன் கீழே ஒரு சக்கரத்தின் பாதி மட்டும் தெரிந்தது.