பார்வை: தங்கள் நள்ளிரவு மறுதொடக்கம்

அனுப்புநர்:
பழைய புரோகிராமர் ஒருவர்,
இரண்டாம் மாடி, வேளச்சேரி, சென்னை.

பெறுநர்:
உயர்திரு அப்டேட் அதிகாரி அவர்கள்,
மேலிடம் (கிளவுட்).

பொருள்: நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தித் திருத்துதல் – அதனால் குடும்பத்தில் எழும் குழப்பங்கள் – நிவாரணம் கோருதல் – தொடர்பாக.

பார்வை: நேற்றிரவு என்னைக் கேட்காமல் தாங்கள் செய்த மறுதொடக்கம்.

ஐயா,

ஃபாக்ஸ்ப்ரோ காலத்திலிருந்து நிரல் எழுதிப் பிழைப்பவன் நான். ரிச்சி தெருவில் பேரம் பேசி ராம் வாங்கி, வீட்டில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து கம்ப்யூட்டர் கட்டிய தலைமுறை. ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதிவைத்துப் போன முன்னோர் செய்த புண்ணியத்தால் 1999இல் எங்களுக்கெல்லாம் வேலை கிடைத்தது. ஆகவே பிழைகள் மீது எனக்கு எந்த விரோதமும் இல்லை. பிழை எங்களுக்குச் சோறு போடுகிறது. என் மனு, பிழையே இல்லாத இடத்தில் தாங்கள் கை வைப்பதைப் பற்றியது.

என் மனைவி பள்ளி ஆசிரியை. நேற்று இரவு அரையாண்டுத் தேர்வு வினாத்தாளைத் தட்டச்சு செய்து, நெடுவினா வரைக்கும் வந்து, 'மிச்சத்தைக் காலையில் பார்த்துக்கலாம்' என்று மடிக்கணினியை மூடாமல் படுக்கப் போனார். காலையில் திறந்தால் வினாத்தாள் இல்லை. நீலப் பின்னணியில் ஒரு மலையும் ஏரியும், 'உங்களுக்காகப் புதிதாக என்னென்ன செய்திருக்கிறோம் பாருங்கள்' என்ற அழைப்பும் இருந்தன. மீட்டெடுத்த கோப்பில் ஒரு மதிப்பெண் வினாக்கள் மட்டும் மிஞ்சின.

"என்னங்க, உங்க ஆளுங்க மறுபடியும் கைய வச்சுட்டாங்க" என்றார்.

'உங்க ஆளுங்க' என்பதை அருள்கூர்ந்து கவனிக்கவும். உலகத்தில் எந்த மென்பொருளை எவன் கெடுத்தாலும் எங்கள் வீட்டில் அதற்கு நான் பொறுப்பு. தங்களை நான் நேரில் பார்த்ததில்லை, தங்களிடமிருந்து ஒரு பைசா சம்பளம் வாங்கியதில்லை. ஆனாலும் இந்த வீட்டுக்குத் தங்கள் தூதர் நான்தான். திட்டும் என் கணக்கில்தான் ஏறுகிறது.

பாதுகாப்புத் திருத்தம் அவசியம் என்பது எனக்குத் தெரியாததல்ல. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமை திருத்தங்களை மொத்தமாக வெளியிடும் வழக்கம் 2003 அக்டோபரிலிருந்து இருக்கிறது. அமெரிக்காவில் செவ்வாய்க் காலை என்றால் நமக்கு இரவு. வாரத்தில் ஏழு நாள் இருக்க, செவ்வாய் வெறுவாய் என்று எங்கள் ஊரில் கடை திறக்கக்கூட யோசிக்கிற நாளைத் தேடிப் பிடித்திருக்கிறீர்கள். போகட்டும். ஓட்டையை அடைக்கும்போது பொத்தானை ஏன் இடம் மாற்றுகிறீர்கள்? தேதிக்குப் பக்கத்தில் இருந்த ஒலிக்குறியை மூன்று புள்ளிகளுக்குள் ஒளித்துவைத்ததால் எந்தத் திருடன் பிடிபட்டான்?

அடுத்து என் அம்மா. அப்பா போன பிறகு அவருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஆண்டுதோறும் நவம்பரில், தான் உயிரோடு இருப்பதாக அம்மா சான்று தர வேண்டும். முன்பு கைரேகை வைக்கச் சொன்னார்கள். ஆட்டுக்கல்லிலும் அம்மியிலும் தேய்ந்த விரல்கள்; கருவி எந்த விரலையும் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது செல்போனிலேயே முகத்தைக் காட்டலாம் என்று வந்திருக்கிறது. நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன். போன வருடம் அது எங்கள் வீட்டில் வேலையும் செய்தது. இந்த வருடம் செயலியைத் தொட்டதும், முதலில் புதிய பதிப்பை நிறுவு என்றது. நிறுவினால், இந்த போன் பழையது என்றது. என் போனில் நிறுவினேன்.

"கண்ணைச் சிமிட்டவும்" என்றது திரை.

அம்மா சிமிட்டினார். கண்புரை அறுவை செய்த கண். சிமிட்டுவது கொஞ்சம் நிதானமாகத்தான் நடக்கும். செயலிக்கு அந்தப் பொறுமை இல்லை. வெளிச்சம் போதாது என்றது. பால்கனிக்கு அழைத்துப் போனோம். வெளிச்சம் அதிகம் என்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றச் சொன்னது. கழற்றினால் அம்மாவுக்குத் திரை தெரியாது, எப்போது சிமிட்டுவது என்றும் தெரியாது. நான் பின்னால் நின்று "இப்ப, இப்ப" என்று சொல்ல, அவர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிமிட்ட, சட்டகத்துக்குள் இரண்டு முகங்கள் இருப்பதாகச் செயலி ஆட்சேபித்தது.

"ஏண்டா, நீ பெத்த பிள்ளைதானே, நான் உசுரோட இருக்கேன்னு நீ எழுதிக் குடுத்தா வாங்க மாட்டானா?" என்று கேட்டார்.

வாங்க மாட்டார்கள். கடைசியில் தபால்காரர் வீட்டுக்கு வந்து செய்து கொடுத்தார். அஞ்சல் துறையில் அப்படி ஒரு சேவை இருப்பது என்னைவிடப் பால்காரருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அம்மா தபால்காரருக்குக் காபி கொடுத்து, எனக்குக் கேட்கும்படியாக, "கம்ப்யூட்டர் தெரிஞ்சவங்க வந்தா வேலை எப்படிச் சட்டுனு முடியுது பாரு" என்றார்.

கடவுச்சொல் விவகாரம் தங்கள் நேரடிப் பொறுப்பில் வராது என்று சொல்வீர்கள்; பக்கத்து மேசைக்கு அனுப்பிவைக்கவும். என் அலுவலகத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், குறியீடு எல்லாம் கலந்து, பழையதின் சாயல் இல்லாமல். இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால் 2003இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்காக பில் பர் என்பவர் எழுதிய ஒரு வழிகாட்டிக் குறிப்பில் போய் நிற்கிறது. எழுதியவரே 2017இல், அதில் பெரும்பகுதிக்காக வருந்துவதாகப் பேட்டி கொடுத்துவிட்டார். அதே ஆண்டு அந்த நிறுவனமும் தன் குறிப்பைத் திருத்தி, காரணமில்லாமல் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. உலகத்தில் எல்லாவற்றையும் அப்டேட் செய்யும் தாங்கள், அப்டேட் ஆன இந்த ஒரு காகிதத்தை மட்டும் எங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு சேர்க்கவில்லை.

கடவுச்சொல் பிறந்ததிலிருந்தே ஓட்டைதான். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள 1960களின் தொடக்கத்தில் எம்.ஐ.டி.யில் ஃபெர்னாண்டோ கார்பட்டோவின் குழு அதைக் கொண்டுவந்தது. 1962இலேயே ஓர் ஆராய்ச்சி மாணவர், தனக்குக் கிடைத்த கணினி நேரம் போதவில்லை என்று மொத்தக் கடவுச்சொல் பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டார். இத்தனைக்குப் பிறகும் எங்கள் வீட்டு முறை எவ்வளவோ மேல். எல்லாக் கடவுச்சொற்களும் தினசரி நாட்காட்டி அட்டையின் பின்பக்கம் மனைவியின் முத்துமுத்தான கையெழுத்தில் இருக்கின்றன. எந்த ஹேக்கராக இருந்தாலும் அம்மாவைத் தாண்டி, 'யாரு வீட்டுப் பிள்ளைப்பா நீ' என்பதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் அதைத் தொட முடியும்.

வீட்டில் இப்படியென்றால், தொழிலில் தங்கள் பரிபாலனம் எப்படி என்று கேட்பீர்கள். 2016 மார்ச்சில் ஒரு நிரலர் கோபித்துக்கொண்டு, தான் பொதுவில் வைத்திருந்த நிரல்களைத் திரும்ப எடுத்துக்கொண்டார். அவற்றில் ஒன்று, எழுத்துச்சரத்தின் இடப்பக்கம் இடைவெளி நிரப்புவது. மொத்தம் 11 வரி. அது இல்லாமல் உலகெங்கும் ஆயிரக்கணக்கான திட்டங்கள் கட்டுமானத்திலேயே நின்றன. எங்கள் அலுவலகத்தில் அன்று சுமார் முப்பது வயதுப் பையன் ஒருவன், பதினோரு வரியை நாமே எழுதினால் என்ன என்று கேட்டான். கூட்டம் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

2024 ஜூலை 19 தங்களுக்கும் மறந்திருக்காது. ஒரு பாதுகாப்பு மென்பொருள் அனுப்பிய திருத்தம், 21 மதிப்புகளை எதிர்பார்த்த இடத்தில் 20 மட்டும் இருந்ததால், ஏறத்தாழ 85 லட்சம் கணினிகளைப் படுக்கவைத்தது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று மாலை வீட்டுக்கு வந்தால், தொலைக்காட்சியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள் தட்டில் பஜ்ஜியை நீட்டி, "அப்பா, இதுவும் நீதானா?" என்றாள்.

இனி எழுதப்போவது பகடி அல்ல. கோப்பில் தனியாக வைக்கவும்.

அப்பா ரயில்வே அஞ்சல் பிரிவில் இருந்தார். ஓடுகிற வண்டியில் இரவெல்லாம் கடிதம் பிரித்தவர். ஓய்வு பெற்றபின், தொண்ணூறுகளின் கடைசியில், நான் கட்டிக்கொடுத்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தன் வேலைக்காலத்தை எழுதினார். அப்போது தமிழுக்கு ஆளுக்கொரு எழுத்துரு. ஒன்றில் 'அ' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறேதோ இருக்கும். 1999இல் சென்னையில் மாநாடு கூட்டி விசைப்பலகைக்கும் குறியேற்றத்துக்கும் தரம் வகுத்தார்கள். 2010இல் தமிழக அரசு யூனிகோடுக்கு வந்தது. அது வந்தது பெரும் நன்மை. அதனால்தான் இன்று செல்போனில் தமிழில் சண்டை போட முடிகிறது. ஆனால் மேம்படுத்திக்கொண்டே போன யாரும் பின்னால் திரும்பி, அந்தப் பழைய கோப்புகள் என்ன ஆயின என்று பார்க்கவில்லை. அப்பாவின் கோப்பை இன்று திறந்தால், தலையில் கொம்பும் புள்ளியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் வரிவரியாக நிற்கின்றன.

எழுத்துரு மாற்றும் நிரல் ஒன்றை நானே எழுதினேன். பழைய எழுத்துருவில் 'கெ' என்றால் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு முதலில், 'க' பிறகு. யூனிகோடில் 'க' முதலில், கொம்பு பிறகு. இடம் மாற்றினால் ஆயிற்று என்றுதான் தோன்றும். ஆனால் பழைய எழுத்துருவில் ஔகாரத்தின் வால் பகுதியும் 'ள'வும் ஒரே குறி. கொம்பு, வ, ள என்று மூன்று வந்தால் அது 'வௌ'வா, 'வெள'வா என்று இயந்திரத்துக்குத் தெரியாது. அஞ்சல் வண்டியில் வாழ்ந்த மனிதர் பக்கத்துக்குப் பக்கம் எதை எழுதியிருப்பார்? வெளியூர். என் நிரல் அதை 'வௌியூர்' ஆக்கிவைத்திருந்தது. ஒவ்வொன்றாகத் தேடித் திருத்தினேன். விழுப்புரத்தில் வண்டி நின்றபோது கீழே இறங்கி வாங்கிய வாழைப்பழம், தஞ்சாவூர்ப் பையில் சேர வேண்டியது மதுரைப் பைக்குப் போய்விட்ட ஒரு தந்தையின் கடிதம், அதைத் திரும்பப் பிடிக்க அவர் அடுத்த நிலையத்தில் கொடுத்த தகவல். இன்னும் முப்பது பக்கம் போல பாக்கி இருக்கிறது. அவற்றில் வேறொரு எழுத்துருவுக்கு மாறியிருக்கிறார். அதன் பெயர் எங்கேயும் இல்லை.

எதிர் ஃபிளாட் மாமாவின் பிரிண்டரைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நீளம் கருதி எடுத்துவிட்டேன். ஒன்று மட்டும். 1980 வாக்கில் எம்.ஐ.டி.யில் ஒரு பிரிண்டரின் மூல நிரலைத் தர மறுத்ததில் கோபம் கொண்ட ரிச்சர்ட் ஸ்டால்மன், கட்டற்ற மென்பொருள் என்று ஓர் இயக்கத்தையே பின்னால் தொடங்கினார். மாமாவின் பிரிண்டர், கறுப்பு மை நிரம்ப இருந்தும், மஞ்சள் மை தீர்ந்ததால் மின்கட்டண ரசீதை அச்சிட மறுக்கிறது. மாமா ஓய்வு பெற்ற தாசில்தார். அவருக்குக் கோபம் வந்தால் எதைத் தொடங்குவார் என்று என்னால் உத்தரவாதம் தர முடியாது.

தாங்கள் அப்டேட் செய்தே ஆகவேண்டிய ஒன்றையும் சுட்டிக்காட்டுவது என் கடமை. பழைய கணினிகள் பல, 1970 ஜனவரி 1 முதல் விநாடிகளை எண்ணி நேரம் வைத்திருக்கின்றன. அந்த எண்ணிக்கை 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647இல் நிரம்பிவிடும். நம் நேரப்படி 2038 ஜனவரி 19, காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடி. அடுத்த நொடியில் அவை 1901 டிசம்பருக்குப் போய் நிற்கும். பாரதியாருக்குப் பத்தொன்பது வயது முடிந்த அதே வாரம். புதிய கணினிகளில் சரிசெய்துவிட்டார்கள். எங்கேயோ சுவருக்குள் பதித்த லிஃப்ட் பலகைகளையும் தொழிற்சாலைப் பெட்டிகளையும் எவரும் தேடிப் போகவில்லை. பொத்தானின் நிறத்துக்கு வருடத்துக்கு இரண்டு முறை ஆள் போடும் தாங்கள் இதற்கு எவரைப் போட்டிருக்கிறீர்கள்? 2020 ஏப்ரலில் நியூ ஜெர்சி ஆளுநர், கோபோல் என்ற பழைய நிரல்மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று பத்திரிகையாளர் கூட்டத்தில் கேட்டுக்கொண்டார். 2038இல் எனக்கும் அப்படி ஓர் அழைப்பு வரும். அப்போது நானும் அம்மாவைப் போலச் சிமிட்டிக்கொண்டிருப்பேன்.

எனவே, நள்ளிரவில் மறுதொடக்கம் செய்வதற்கு முன் வீட்டில் பெரியவர்கள் யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்கவும், பாதுகாப்புத் திருத்தத்தோடு புதுப் பொத்தான்களை ஒட்டி அனுப்பாதிருக்கவும், ஒரு செயலியைத் தங்கள் தாயாரிடம் கொடுத்துச் சிமிட்டவைத்துப் பார்த்த பிறகே வெளியிடவும், இதற்கெல்லாம் நான் பொறுப்பல்ல என்று தங்கள் அலுவலக முத்திரையோடு என் மனைவிக்கு ஒரு கடிதம் அனுப்பவும் ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் அவசரம். வினாத்தாளை நாளைக்குள் கொடுக்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தூதர் (சம்பளமில்லாதவர்).

நகல்:
1. என் மனைவி – தகவலுக்காக.
2. எதிர் ஃபிளாட் மாமா – மேல்நடவடிக்கைக்காக. (மஞ்சள் மை வாங்கியதும் அச்செடுத்துக் கொடுக்கப்படும்.)